ஆறு மாத முன்னறிவிப்பு: டர்னர்–மல்ரோனி விவாதத்துக்கு ஓர் உரை

கனடாவின் தேர்தல் விவாதங்களில் வரிவரியாகப் படிக்கத் தக்கது ஒன்றைச் சொல்லச் சொன்னால், 1988 அக்டோபர் 25 அன்று நடந்த ஆங்கில விவாதத்தின் சில நிமிடங்களைத்தான் சொல்வேன். ஒரு பக்கம் பிரதமர் பிரையன் மல்ரோனி, முற்போக்கு கன்சர்வேட்டிவ் கட்சித் தலைவர். எதிரே லிபரல் தலைவர் ஜான் டர்னர். புதிய ஜனநாயகக் கட்சியின் எட் பிராட்பென்ட்டும் அன்று விவாதித்தார். ஆனால் இங்கே நாம் எடுத்துக்கொள்ளும் வாக்குவாதம் முதல் இருவருக்கும் இடையே நடந்தது.

சர்ச்சை, கனடா–அமெரிக்கா தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் பற்றியது. மல்ரோனியும் அமெரிக்க அதிபர் ரொனால்ட் ரேகனும் 1988 ஜனவரி 2 அன்று அதில் கையெழுத்திட்டார்கள். அதைச் சட்டமாக்கும் மசோதா மக்களவையில் நிறைவேறியது. செனட்டில் பெரும்பான்மை லிபரல்களுக்கு. மக்களிடம் தீர்ப்புக் கேட்கும்வரை மசோதாவை நிறுத்திவையுங்கள் என்று டர்னர் அவர்களைக் கேட்டுக்கொண்டார். அப்படி வந்ததுதான் அந்தத் தேர்தல்.

பேச்சின் முக்கியப் பகுதிகளைத் தமிழில் தந்து, ஒவ்வொன்றுக்கும் கீழே உரை எழுதுகிறேன். அன்று மேடையில் யார் வென்றார் என்பது இந்த உரையின் கேள்வி அன்று. இருவரும் சொன்னவற்றில் எது காலத்தைத் தாங்கி நின்றது, எது தாங்கவில்லை என்பதே கேள்வி.

1. டர்னர்: “நீங்கள் எங்களை விற்றுவிட்டீர்கள் என்றே நான் நம்புகிறேன்.”

தனியே எடுத்துக் கேட்டால் வசை போல ஒலிக்கும் வரி இது. ஆனால் இதற்குச் சற்று முன் டர்னர் கேட்ட கேள்வியோடு சேர்த்துப் படிக்க வேண்டும். அமெரிக்கச் சந்தையில் தடையில்லாத, உறுதியான இடம் வேண்டும் என்றுதானே பேச்சுவார்த்தைக்குப் போனீர்கள், அது ஏன் கிடைக்கவில்லை என்று அவர் கேட்டிருந்தார்.

1980களில் இறக்குமதிக்கு எதிரான மனநிலை அமெரிக்கக் காங்கிரஸில் வலுத்துவந்தது. 1986இல், கனடா தன் மரத்தொழிலுக்கு மானியம் கொடுக்கிறது என்று குற்றம்சாட்டி, கனடிய மரப்பலகைகள்மீது 15 சதவீத வரி விதிக்க அமெரிக்கா முனைந்தது. இப்படிப்பட்ட தண்டனை வரிகளிலிருந்து விலக்குப் பெறுவதே கனடாவின் முதல் நோக்கமாக இருந்தது. 1987 அக்டோபரில் முடிந்த பேச்சுவார்த்தையில் கனடா பெற்றது அந்த விலக்கை அல்ல. இரு நாட்டினரும் அமரும் நடுவர் குழு ஒன்றே கிடைத்தது. ஒப்பந்தத்தின் 19ஆம் அத்தியாயம் அதை விவரிக்கிறது. அமெரிக்கா தண்டனை வரி விதித்தால், அது தன் சொந்தச் சட்டத்தை ஒழுங்காகப் பின்பற்றியதா என்று மட்டும் அந்தக் குழு பார்க்கும். சட்டம் வாஷிங்டனுடையது. அதைத் திருத்தும் அதிகாரமும் வாஷிங்டனுடையது.

ஆகவே டர்னரின் குற்றச்சாட்டுக்கு அடியில் ஒரு கணக்கு இருக்கிறது: கொடுத்தது நிரந்தரம், வாங்கியது அரைகுறை. இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொண்டால்தான் பின்னால் வருபவை விளங்கும்.

2. மல்ரோனி: “நாட்டுப்பற்று உங்கள் தனிச்சொத்து அல்ல. நான் கனடாவை நேசிக்கிறேன். அதனால்தான் இதைச் செய்தேன். என் நோக்கத்துக்குக் களங்கம் கற்பிக்காதீர்கள்.”

மல்ரோனியின் சினத்தில் நியாயம் உண்டு. ‘விற்றுவிட்டீர்கள்’ என்ற சொல் கொள்கையோடு நிற்காமல் ஆளின் மனச்சாட்சியையும் தொடுகிறது. 1983இல் கட்சித் தலைமைக்குப் போட்டியிட்டபோது தடையற்ற வர்த்தகத்தை எதிர்த்துப் பேசியவர் அவர். பிரதமரானபின் மனம் மாறினார். அந்த மாற்றத்துக்குப் பெரும் வலுச் சேர்த்தது 1985இல் வெளிவந்த மெக்டொனால்ட் ஆணைய அறிக்கை. அந்த ஆணையத்தை அமைத்தவர் லிபரல் பிரதமர் பியர் ட்ரூடோ. அதன் தலைவர் டொனால்ட் மெக்டொனால்ட், லிபரல் நிதியமைச்சராக இருந்தவர். ஒப்பந்தம் ஒரு கட்சியின் சதி அன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

ஆயினும் பதிலில் ஒரு குறை உண்டு. உறுதியான சந்தை ஏன் கிடைக்கவில்லை என்ற கேள்வி அப்படியே கிடக்கிறது. நோக்கம் தூயது என்று நிறுவுவதால் உடன்பாடு நல்லது என்று நிறுவியதாகாது. இன்றும் எந்த நாட்டுத் தேர்தல் மேடையிலும் வாக்காளர் கவனிக்க வேண்டிய நழுவல் இது.

3. டர்னர்: “ஒரு நாடு தன் முதலீட்டை விட்டுக்கொடுத்தால், எரிசக்தியை விட்டுக்கொடுத்தால், வேளாண்மையை விட்டுக்கொடுத்தால், சுதந்திர நாடாக நிற்கும் அரசியல் வலிமை என்றென்றைக்கும் போய்விடும்.”

குறுக்கே பேசிய மல்ரோனியையும் மீறி டர்னர் அடுக்கிச்சென்ற பட்டியல் இது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலீடு: கனடிய நிறுவனங்களை வெளிநாட்டார் வாங்கும்போது அரசு ஆராய்ந்து அனுமதிக்கும் முறை 1970களில் வந்தது. மல்ரோனி அரசு 1985இல் அதைத் தளர்த்தியது. ஒப்பந்தம் அமெரிக்கர்களுக்கு இன்னும் தளர்த்தி, நேரடியாக வாங்குவதற்கான ஆய்வு வரம்பைப் படிப்படியாக 15 கோடி டாலருக்கு உயர்த்தியது. அதற்குக் குறைந்த விலைக்கு அமெரிக்கர்கள் நேரடியாக வாங்கிய பெரும்பாலான நிறுவனங்களில் அரசு தலையிட முடியாமல் போனது.

எரிசக்தி: பட்டியலில் மிகக் கனமானது இதுதான். தட்டுப்பாடு வந்து கனடா எண்ணெய், எரிவாயு ஏற்றுமதியைக் குறைக்க நேர்ந்தால், மொத்த விநியோகத்தில் அமெரிக்கா முந்தைய மூன்றாண்டுகளில் பெற்றுவந்த பங்கு குறையக்கூடாது என்பது விதியாக இருந்தது. தன் மண்ணின் எண்ணெயைத் தட்டுப்பாட்டுக் காலத்தில் தன் மக்களுக்கு முதலில் தரும் உரிமையை ஒரு நாடு எழுதிக்கொடுத்தது. இங்கே டர்னர் சொன்னது முழுக்கச் சரி.

வேளாண்மை: இங்கே அவர் மிகைப்படுத்தினார். பால், முட்டை, கோழி ஆகியவற்றின் உற்பத்தியையும் விலையையும் கட்டுப்படுத்தும் கனடிய முறை ஒப்பந்தத்தைத் தாண்டியும் நிலைத்தது. இன்றும் இருக்கிறது.

இனி ‘என்றென்றைக்கும்’ என்ற தீர்ப்பு. பொது மருத்துவக் காப்பீட்டை மானியம் என்று சொல்லி அமெரிக்கா தகர்த்துவிடும் என்ற அச்சம் அந்தத் தேர்தல் முழுவதும் நிலவியது. காப்பீடு நிற்கிறது. 2003இல் ஈராக் போருக்கு அமெரிக்கா ஆள் திரட்டியபோது, பிரதமர் ஜான் கிரெட்டியன் வர மறுத்தார். ஏற்றுமதியில் பெரும்பகுதி அமெரிக்காவுக்கே போய்க்கொண்டிருந்த நேரம் அது. ஆகவே பொருளாதாரப் பிணைப்பு அரசியல் விருப்பத்தைத் தானாகவே கொன்றுவிடுவதில்லை. டர்னரின் வாதத்தில் உடைந்த பகுதி இது.

4. மல்ரோனி: “என் தந்தை ஒரு தொழிலாளியாக, மற்ற கனடியர்களோடு சேர்ந்து, வடகிழக்குக் கியூபெக்கில் ஒரு சிறு ஊரைத் தம் கைகளால் கட்டினார். அவர்கள் தேசத்தைக் கட்டினார்கள். நானும் என்னால் இயன்ற அளவில் அதையே செய்கிறேன்.”

அந்த ஊர் பே-கோமோ. மல்ரோனியின் தந்தை அங்கே காகித ஆலையில் மின்பணியாளராக வேலை பார்த்தார். ஆலையையும் ஊரையும் உண்டாக்கியது ‘சிகாகோ ட்ரிப்யூன்’ பத்திரிகையின் அதிபர் ராபர்ட் மெக்கார்மிக்கின் முதல். கியூபெக் காடு காகிதமாகி அமெரிக்காவில் செய்தித்தாளானது. அதனால் மல்ரோனியின் இந்த வரியைக் கண்ணீருக்கான உத்தி என்று ஒதுக்குவது பிழை. அமெரிக்க முதலும் அமெரிக்கச் சந்தையும் சேர்ந்தால் வெறுங்காட்டில் பள்ளியும் தேவாலயமும் வேலையும் வரும் என்பதை அவர் புத்தகத்தில் படித்து அறியவில்லை. அதற்குள் பிறந்து வளர்ந்தவர். வடக்கு–தெற்கு உறவு அவர் குடும்பத்துக்குச் சோறு போட்டது.

அதே ஊர் வேறொன்றையும் கற்பிக்கிறது. ஒரே வாங்குபவரை நம்பி எழுந்த ஊரின் வாழ்வு அந்த வாங்குபவரின் கையில் இருக்கும். தந்தையின் கதையில் மல்ரோனி முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார்.

5. டர்னர்: “உங்கள் தந்தையை மதிக்கிறேன். என் தாய் ஒரு சுரங்கத் தொழிலாளியின் மகள். நாங்கள் இந்த நாட்டைக் கிழக்காகவும் மேற்காகவும் வடக்காகவும் கட்டினோம். அமெரிக்காவின் கண்ட ஈர்ப்பை வேண்டுமென்றே எதிர்த்து நின்ற கட்டமைப்பின்மேல் கட்டினோம். 120 ஆண்டுகள் அப்படிச் செய்தோம்.”

குடும்பத்துக்குக் குடும்பம் பதில் சொல்லிவிட்டு, உடனே பேச்சை வரலாற்றுக்குத் திருப்புகிறார். ‘வேண்டுமென்றே’ என்ற சொல்லில்தான் இவ்வரியின் சுமை முழுவதும் இருக்கிறது. நிலத்தின் இயல்பு கனடாவைத் தெற்கே இழுக்கிறது. கனடா என்பது அந்த இழுப்புக்கு எதிராக எடுத்த முடிவு. 1879இல் பிரதமர் ஜான் ஏ. மெக்டொனால்டின் தேசியக் கொள்கை, அதாவது தொழில்களைக் காக்கும் உயர் சுங்கவரி. 1885இல் முடிந்த கனடியன் பசிபிக் ரயில்பாதை. 1936இல் தோன்றிய பொது ஒலிபரப்பு நிறுவனமான சிபிசி. 1950களின் கண்டங்கடந்த எரிவாயுக் குழாய். இவை எல்லாம் லாபக் கணக்கு மட்டும் பார்த்திருந்தால் வந்திருக்கமாட்டா.

ஆனால் ‘நாங்கள்’ என்று டர்னர் தம் கட்சியையும் சேர்த்துக்கொண்டதை வரலாறு முழுதாக ஏற்காது. தேசியக் கொள்கை கன்சர்வேட்டிவ்களுடையது. 1911இல் அமெரிக்காவோடு வர்த்தக உடன்பாடு வேண்டும் என்று தேர்தலுக்குப் போய்த் தோற்றவர் லிபரல் பிரதமர் வில்ஃப்ரிட் லோரியே. 1965இல் கார்த்தொழிலை அமெரிக்காவோடு பிணைத்த ஒப்பந்தத்தைச் செய்தவர் லிபரல் பிரதமர் லெஸ்டர் பியர்சன். 1988இல் கட்சிகள் இடம் மாறி நின்றன. மல்ரோனி லோரியேயின் வாதத்தைப் பேசினார், டர்னர் ஜான் ஏ. மெக்டொனால்டின் வாதத்தைப் பேசினார்.

இருவரும் பேசாமல் விட்டதையும் இங்கே சொல்ல வேண்டும். தேசத்தைக் கட்டியவர்கள் பட்டியலில் மல்ரோனி உக்ரைனியக் குடியேறிகளைச் சேர்த்தார்; அது நன்று. மேற்கு மலைகளில் ரயில்பாதைக்காக உயிர்கொடுத்த சீனத் தொழிலாளர் யார் வாயிலும் வரவில்லை. அந்தப் பாதை ஓடிய நிலத்தின் பூர்வகுடிகளும் வரவில்லை.

6. டர்னர்: “ஒரே கையெழுத்தில் அதைப் புரட்டிப்போட்டீர்கள். இது நம்மை அமெரிக்காவின் குடியேற்ற நாடாக்கும். பொருளாதாரப் பிடி போனால், அரசியல் சுதந்திரமும் பின்னாலேயே போகும்.”

‘ஒரே கையெழுத்தில்’ என்பது மெய்யன்று. 1988க்கு முன்பே கனடிய ஏற்றுமதியில் முக்கால் பங்களவு அமெரிக்காவுக்குப் போய்க்கொண்டிருந்தது. கையெழுத்து அந்தப் போக்குக்குச் சட்ட வடிவம் கொடுத்தது. ‘பின்னாலேயே போகும்’ என்ற விதியும் 2003இல் பொய்த்ததைப் பார்த்தோம். ஆனால் இதே வரியை எச்சரிக்கையாகப் படித்தால் அது உயிரோடு இருக்கிறது: பிடி போனபின் சுதந்திரத்தைக் காப்பதற்கான விலை ஏறிக்கொண்டே போகும்.

7. மல்ரோனி: “ஆறு மாத முன்னறிவிப்பில் ரத்து செய்யக்கூடிய ஆவணத்தாலா? விளையாட்டாகப் பேசாதீர்கள். இது ஒரு வணிக ஆவணம்.” டர்னர்: “வணிக ஆவணமா? இது நம் வாழ்வின் ஒவ்வொரு முகத்தையும் தொடுகிறது. அமெரிக்காவைவிட நமக்குத்தான் இது மிக முக்கியம்.”

இந்த வாக்குவாதத்தின் உயிர்நிலை இங்கேதான். மல்ரோனி சொன்ன விதி உண்மை. பிடிக்காவிட்டால் ஆறு மாதத்தில் வெளியேறலாம், ஆகவே இழப்பதற்கு ஒன்றுமில்லை என்று கனடியர்களுக்கு அவர் தைரியம் சொன்னார். ஆனால் அந்த விதி இரு பக்கத்துக்கும் பொது. வீட்டுக்காரருக்கும் குடியிருப்பவருக்கும் ஒரே நோட்டீஸ் காலம் எழுதப்பட்டிருக்கலாம். வெளியேறும் நாளில் தெருவில் நிற்பவர் ஒருவர்தான். டர்னரின் கடைசிச் சொற்கள் இதைத்தான் சொல்கின்றன. யாருக்கு ஒப்பந்தம் அதிகம் தேவையோ, அவரை அச்சுறுத்தும் ஆயுதமாக முன்னறிவிப்பு மாறும்.

அப்படியே மாறியது. ஒப்பந்தம் 1994இல் மெக்சிகோவையும் சேர்த்து நாஃப்டா ஆனது. 2017இல் அதிலிருந்து விலகுவோம் என்று அதிபர் டிரம்ப் மிரட்டினார். 2020 ஜூலை 1 முதல் புதிய ஒப்பந்தம் வந்தது. 2025 மார்ச்சில் அதையும் மீறிப் பெரும்பாலான கனடியப் பொருள்கள்மீது அமெரிக்காவின் 25 சதவீத வரி விழுந்தது.

இருவருக்கும் இங்கே நியாயம் செய்ய வேண்டும். சில நாள்களிலேயே, ஒப்பந்த விதிகளுக்கு உட்பட்ட பொருள்களுக்கு அந்த வரியிலிருந்து விலக்குக் கிடைத்தது. காகிதத்துக்கு மதிப்பு இருந்தது. அது மல்ரோனி பக்கத்துச் சான்று. எஃகு, அலுமினியம், கார் ஆகியவற்றுக்கு ‘தேசியப் பாதுகாப்பு’ பற்றிய அமெரிக்கச் சட்டத்தின்கீழ் வரி விதிக்கப்பட்டது. அமெரிக்கச் சட்டத்துக்குக் கடிவாளம் போட முடியவில்லை என்று டர்னர் தொடக்கத்திலேயே சுட்டியது அங்கே மெய்யானது.

முடிவுரை

1988 நவம்பர் 21 தேர்தலில் 295 இடங்களில் மல்ரோனி 169ஐ வென்றார். அவர் கட்சிக்கு 43 சதவீத வாக்கு. ஒப்பந்தத்தை எதிர்த்த லிபரல்களும் புதிய ஜனநாயகக் கட்சியும் சேர்ந்து பாதிக்கு மேல் வாக்குகள் பெற்றும் 126 இடங்களில் நின்றனர். 1989 ஜனவரி 1 அன்று ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. 1993இல் ஆட்சிக்கு வந்த லிபரல்கள் அதைக் கைவிடவில்லை, மல்ரோனி அரசு கையெழுத்திட்ட நாஃப்டாவை நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள்.

தவறு அதன்பின்தான் நடந்தது என்பது என் முடிவு. ஒப்பந்தம் செய்தது தவறன்று. அதைச் செய்தபின், டர்னர் சொன்ன கிழக்கு–மேற்குக் கட்டுமானத்தை இரு கட்சிகளும் கிடப்பில் போட்டது தவறு. தெற்குச் சந்தையின் வளத்தை மல்ரோனி சரியாகக் கண்டார். அந்த வளத்தைக் கொண்டு பசிபிக் துறைமுகங்களையும் குழாய்களையும், மாகாணங்களுக்கு இடையே தடையில்லாத சந்தையையும் முப்பது ஆண்டுகளில் கட்டியிருக்கலாம். ஆல்பர்ட்டா எண்ணெயைப் பசிபிக் கரைக்குக் கொண்டுசெல்லும் டிரான்ஸ் மவுன்டன் குழாயின் விரிவாக்கம் 2024 மே மாதம்தான் இயங்கத் தொடங்கியது. மாகாணங்களுக்கு இடையிலான வர்த்தகத்தில் கூட்டாட்சி அரசின் தடைகளை நீக்கும் சட்டம் 2025 ஜூனில், அமெரிக்க வரிகள் விழுந்தபின்தான் வந்தது.

இப்போதைய ஒப்பந்தத்திலும் ஆறு மாத முன்னறிவிப்பு விதி இருக்கிறது. 2026 ஜூலையை மூன்று நாடுகளும் சேர்ந்து செய்யும் மறுஆய்வுக்கு அது குறித்திருக்கிறது. எந்தக் கட்சித் தலைவர் இந்த உறவைப் பற்றி மேடையேறினாலும் கனடிய வாக்காளர் அவரிடம் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். இந்தக் காகிதம் நாளை கிழிந்தால் யாருக்கு அதிக நஷ்டம்? அந்த நஷ்டத்தைக் குறைக்க உங்கள் ஆட்சியில் எதைக் கட்டப்போகிறீர்கள்? முதல் கேள்விக்கு டர்னர் 1988இலேயே விடை சொல்லிவிட்டார். இரண்டாவது கேள்விக்குத் திட்டம், செலவு, முடிக்கும் ஆண்டு ஆகிய மூன்றையும் சொல்லி விடையளிப்பவருக்கே வாக்குப் போக வேண்டும்.