மரியாதைக்கு நாட்டு எல்லை உண்டா? பிரவுன்–லெவின்சன் பட்டியல் ஒரு மறுவாசிப்பு

இன்ன நாட்டார் முகத்துக்கு நேரே பேசுவர், இன்ன நாட்டார் சுற்றி வளைத்துப் பேசுவர் என்று மரியாதையை நாட்டுவாரியாக வரிசைப்படுத்தும் ஆய்வுப்போக்கு, பெனலோப் பிரவுன், ஸ்டீபன் லெவின்சன் இருவரின் ஆய்வையே தன் மூலாதாரமாகக் காட்டிவருகிறது. 1978இல் ஒரு தொகைநூலின் பகுதியாக வந்து, 1987இல் நீண்ட முன்னுரையுடன் தனிநூலான ஆய்வு அது. அதன் பிற்பகுதியில் சமூகங்களின் பேச்சு இயல்பை இரண்டாகப் பிரிக்கும் ஒரு சிறு பட்டியல் உள்ளது. நாட்டுவாரிப் பகுப்பு ஊன்றி நிற்பது அதன்மேல்தான். பட்டியலின் பெயர்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால், அந்தப் பகுப்பை அது தாங்கவில்லை என்பது தெரியவரும்.

பட்டியலின் ஒரு பக்கம் நெருக்கம் காட்டி மரியாதை செய்வோர். மறுபக்கம் விலகி நின்று மரியாதை செய்வோர். முதற்பக்கத்தில் மேற்கு அமெரிக்காவும், நியூகினியின் சில சமூகங்களும், ஆப்பிரிக்காவின் முபுட்டி மக்களும் வருகின்றனர். மறுபக்கத்தில் பிரிட்டிஷார், ஜப்பானியர், மலகாசிகள், இந்தியப் பிராமணர். முதற்பக்கத்தில் முழு நாடு ஒன்றுகூட இல்லை. மேற்கு அமெரிக்கா ஒரு நாட்டின் பகுதி; முபுட்டியர் காட்டில் வாழும் ஓர் இனக்குழு. மறுபக்கத்தில் உள்ள இந்தியப் பிராமணர் ஒரு சாதியினர். நாட்டினராகக் கொள்ளத்தக்கோர் எஞ்சிய மூவரே.

இம்மூவரில் பிரிட்டிஷாருக்கும் ஜப்பானியருக்கும் நூலாசிரியர்கள் அடைப்புக்குறிக்குள் ஒரு வரம்பு இடுகின்றனர். பிரிட்டிஷார் விலகி நிற்போராவது அமெரிக்கரின் பார்வையில்; ஜப்பானியர் அவ்வாறாவது பிரிட்டிஷாரின் பார்வையில். பிற்கால மேற்கோள்களில் பெயர்கள் தங்கின, அடைப்புக்குறிகள் உதிர்ந்தன. அவை வெறும் நகைச்சுவை என்று ஒதுக்குவோர் உண்டு. தொனியில் நகை இருப்பது மெய்தான். ஆனால் பிரிட்டிஷார் ஒரே வரியில் பார்க்கப்படுவோராகவும் பார்ப்போராகவும் நிற்கின்றனர். அமெரிக்கருக்கு எட்ட நிற்பவராகத் தெரியும் அவர்களுக்கே ஜப்பானியர் அப்படித் தெரிகின்றனர். அளவுகோல் ஆளுக்கு ஆள் மாறுகிறது என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்வது அரிது. பார்ப்பவரின் மதிப்பீட்டைப் பார்க்கப்படுபவரின் இயல்பாக மாற்றியது பிற்கால வாசிப்பே.

மூன்றாமவரான மலகாசிகளின் நிலையும் உறுதியானதன்று. மடகாஸ்கர் கிராமம் ஒன்றை ஆராய்ந்த எலினார் கீனன் 1974இல் வெளியிட்ட கட்டுரையின்படி, அங்கே மறைமுகமாகப் பேசுவது ஆண்களுக்குரிய நெறி. பெண்கள் நேராகப் பேசுவர். சந்தையில் பேரம் பேசுவதும் தவறு செய்தவரைக் கண்டிப்பதும் பெரிதும் அவர்கள் பொறுப்பு. ஒரே ஊரில், ஒரே வீட்டில், நேர்ப்பேச்சும் மறைபேச்சும் வேலைப் பிரிவினைபோலப் பங்கிடப்பட்டிருக்கின்றன. இதில் எதை மலகாசி இயல்பு என்பது?

வலுவான சான்று தமிழ்நாட்டிலிருந்தே கிடைக்கிறது. நூலின் மூன்று முதன்மைத் தரவுகளில் ஒன்று, லெவின்சன் கோயம்புத்தூர் மாவட்டக் கிராமம் ஒன்றில் திரட்டிய தமிழ்ப் பேச்சு. (மற்றவை மெக்சிகோவின் டெனஹாப்பாவில் பிரவுன் திரட்டிய செல்டால் மொழியும் ஆங்கிலமும்.) அடுக்குநிலைச் சமூகங்களில் ஆதிக்கக் குழுக்கள் தமக்குள் விலகல் மரியாதையையும், அடக்கப்பட்ட குழுக்கள் தமக்குள் நெருக்க மரியாதையையும் சார்ந்திருக்கும் என்ற அவர்களின் முடிவுக்கு இந்தச் சாதிக் கிராமம் முக்கிய ஆதாரம். மேற்குத் தமிழ்நாட்டில் சாதிப்படிநிலையும் பேச்சும் பற்றி லெவின்சன் 1982இல் தனிக் கட்டுரையே எழுதினார்.

கொங்கு வழக்கை அறிந்தவர்க்கு இது புதிதன்று. அங்கே ‘ங்க’ என்னும் ஒட்டு வினையோடு நிற்பதில்லை. ‘ஆமாங்க’, ‘இல்லைங்க’, ‘எங்கீங்க’ என்று கண்ட சொல்லிலெல்லாம் ஏறிக்கொள்ளும். அதைக் கேட்கும் வெளியூரார் கொங்கு மக்களே பணிவானவர்கள் என்று முடிவு கட்டிவிடுவதுண்டு. ஆனால் பழைய பண்ணை உறவில் நில உடைமையாளரின் பத்து வயது மகன் அறுபது வயதுப் பண்ணையாளை ‘வாடா’ என்பான்; முதியவரோ ‘சொல்லுங்க சாமி’ என்பார். அதே முதியவர் பண்ணாடியிடம் (நில உடைமையாளரிடம்) மண்வெட்டி கேட்க வேண்டுமானால், ‘மம்பட்டி சும்மா இருக்குதுங்களா?’ என்று இழுப்பார். தம் தெருவுக்குத் திரும்பியபின், ‘ஏப்பா, அந்த மம்பட்டியை எடுத்தா’ என்பதோடு முடிந்தது. ஒரே ஆள், ஒரே பொருள், ஒரே நாள். மாறியது எதிரே நிற்பவர் மட்டுமே.

நூலின் கோட்பாடும் இதற்கு இசைந்ததே. ஒரு செயல் பிறர் ‘முகத்துக்கு’, அதாவது பிறர் முன் அவர் காக்க விரும்பும் மதிப்புக்கு, தரும் பாதிப்பை மூன்று கூறுகள் நிர்ணயிக்கின்றன: பேசுவோருக்கும் கேட்போருக்கும் உள்ள இடைவெளி, கேட்போரின் அதிகாரம், செயலின் சுமை. மூன்றாவது கூறு பண்பாட்டுக்குப் பண்பாடு மாறும் என்பதை ஆசிரியர்கள் மறுக்கவில்லை. ஆயினும் நாடு என்பது தனிக் கூறாக இச்சூத்திரத்தில் எங்கும் வரவில்லை.

அளவாய்வுகள் நாட்டு வேறுபாட்டை நிறுவிவிட்டன என்பது இவ்வாசிப்புக்கு எழக்கூடிய முதல் மறுப்பு. புளும்-குல்கா, ஹவுஸ், காஸ்பர் ஆகியோர் 1989இல் தொகுத்த பன்மொழி ஆய்வில், வேண்டுகோள்களில் அர்ஜென்டினா ஸ்பானியமும் அடுத்து ஹீப்ருவும் மிக நேரடியாகவும், ஆஸ்திரேலிய ஆங்கிலம் மிகக் குறைந்த நேரடித்தன்மையுடனும் அமைந்தன. வரிசை மெய்யே. ஆனால் அதே தரவில் சூழல்தோறும் விடைகள் மாறின. குப்பையாகக் கிடக்கும் சமையலறையைச் சுத்தம் செய்யும்படி அறைத்தோழரிடம் சொல்வதும், காரை நகர்த்தும்படி காவலர் ஓட்டுநரிடம் சொல்வதும் நேர்ப்பேச்சை ஈர்த்தன. தெருவாசிகளிடம் வீடுவரை காரில் இடம் கேட்பது எல்லா மொழியினரையும் மறைமுகத்துக்குத் தள்ளியது. விடையளித்தோர் கல்லூரி மாணவர். விடைகளோ எழுத்தில் நிரப்பியவை. இதிலிருந்து ஒரு நாட்டின் குணத்தை வார்த்தெடுப்பது மிகை.

ஜப்பானிய மொழியில் மரியாதை இலக்கணத்திலேயே கட்டாயமாக உள்ளது என்பது இரண்டாம் மறுப்பு. மாட்சுமோட்டோ, இடே போன்ற ஜப்பானிய அறிஞர்கள் இதைக் கொண்டே பிரவுன்–லெவின்சனை விமர்சித்தனர். அவர்களின் விமர்சனத்தின் உட்கரு தனிமனித விருப்பத்தைவிடச் சமூக இடமே வடிவத்தைத் தீர்மானிக்கிறது என்பது. தம் நிறுவனத் தலைவரிடம் உயர்மரியாதையில் பேசும் ஊழியர், வெளியாரிடம் அவரைக் குறிப்பிடுகையில் பெயரோடு ‘சான்’ என்னும் மரியாதை ஒட்டைச் சேர்ப்பதில்லை. இங்கும் ஆள்வது உறவே. இம்மறுப்பு நாட்டுவாரிப் பகுப்புக்குத் துணை செய்யவில்லை.

நாட்டு இயல்பு நிலையானது என்ற எண்ணத்துக்கு ஸ்வீடனே போதிய விடை. முன்பு பட்டப்பெயரையும் படர்க்கையையும் கொண்டு, எதிரே இருப்பவரை நேரடியாக விளிப்பதையே தவிர்த்த சமூகம் அது. 1967இல் அரசு மருத்துவ வாரியத்தின் தலைவரான புரோர் ரெக்செத், ஊழியர் அனைவரையும் ஒருமையில் ‘டு’ என்று விளிக்கப்போவதாக அறிவித்தார். ஏற்கெனவே தொடங்கியிருந்த மாற்றம் இதனால் விரைவுபெற்று, ஒரு தலைமுறைக்குள் ஒருமை விளியே பொது வழக்காயிற்று. சமத்துவ அரசியல் விளியை மாற்றியது, மக்கள் அவர்களேதான்.

ஒரு பட்டியலின் மறுவாசிப்பு ஒப்பாய்வு முழுவதையும் தள்ளுபடி செய்துவிடாது. நாடுகளுக்கிடையே சராசரி வேறுபாடுகள் இருக்கலாம். அவற்றை அளப்பதும் தேவையே. யார் யாரிடம் எதற்காகப் பேசினார் என்பதை முதலில் பிரித்துக்கொள்ளாமல் எடுக்கப்படும் சராசரி, சாதியையும் பாலினத்தையும் பதவியையும் நாட்டின் பெயரால் மூடிவிடுகிறது. மரியாதையின் அடிப்படை அலகு உறவு. நாட்டை அந்த இடத்தில் வைக்க, பிரவுன்–லெவின்சன் நூலில் சான்று இல்லை.