கம்பெனி பஸ்ஸும் 386-உம்

எங்கள் ஊர் மெர்போக்கில் வரலாறு என்று கேட்டால் புக்கிட் பத்து பகாட் சண்டி என்ற பழங்கோயிலைத்தான் கைகாட்டுவார்கள். எனக்கு, எண்பதுகளில் தோட்டத்து முச்சந்தியில் விடியுமுன் வந்து நின்ற கம்பெனி பஸ்ஸும் வரலாறுதான். என் அக்கா அதில் ஏறி பினாங்கு பாயான் லெப்பாஸுக்குப் போவார். மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து, சில்லுகளுக்குத் தங்கக் கம்பி இணைக்கும் வேலை. அவர் இருந்தது வேறு கம்பெனி. ஆனால் இன்டெல் 1972இலேயே அங்கே ஆலை போட்டுவிட்டது, அமெரிக்காவுக்கு வெளியே அதன் முதல் ஆலை. பழைய இன்டெல் சில்லுகள் பலவற்றின் முதுகில் ‘மலாய்’ என்ற அச்சைப் பார்க்கலாம்.

லினக்ஸ் இயங்குதளத்தின் கதையை எல்லாரும் ஹெல்சின்கியில் ஆரம்பிப்பார்கள். 1991 தொடக்கத்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் தவணையில், இன்டெலின் 386 சில்லு வைத்த ஒரு கணினி வாங்கினார்; நினைவகம் 4 மெகாபைட். லினக்ஸின் மையமான கெர்னலை அந்தச் சில்லுக்கென்றே எழுதினார். டிசம்பரில் வந்த 0.11தான் தன்னைத் தானே கம்பைல் செய்துகொண்ட முதல் லினக்ஸ்.

அதை இன்று கம்பைல் செய்ய உட்கார்ந்தால் ஜிசிசி கம்பைலர் முரண்டு பிடிக்கும். அன்றைய ஏ.அவுட் வடிவத்தில் சி மொழிப் பெயர் ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஓர் அடிக்கோடு உண்டு. இன்றைய எல்ஃப் வடிவத்தில் கிடையாது. அசெம்பிளிக் கோப்புகளில் அந்தக் கோடுகளை ஒவ்வொன்றாக எடுத்தேன். ரப்பர் மரத்தில் ஒட்டுப்பால் உரிப்பது போன்ற வேலை, நாற்றம் மட்டும் இல்லை.

ஓட்டிப் பார்க்க 386 வேண்டுமே? 1994இல் கெவின் லாட்டன் எழுதிய போக்ஸ் என்ற நிரல், அந்தச் சில்லின் கட்டளைகளை ஒவ்வொன்றாக நடித்துக் காட்டும். முதலில் காசுக்கு விற்றார். 2000இல் மாண்ட்ரேக்சாஃப்ட் வாங்கி மூலநிரலைத் திறந்துவிட்டது. 2003இல் ஃபெப்ரிஸ் பெல்லார்ட் கொண்டுவந்த, அதே வேலையைச் செய்யும் கியூஎமு, கட்டளைகளைக் கட்டுக்கட்டாக மொழிபெயர்த்துச் சேமித்துக்கொள்ளும், வேகம் அதனால்தான்.

நான் 0.11ஐக் கியூஎமுவில் ஏற்றினேன். பயாஸ் முதல் 512 பைட்டை 7சி00 முகவரியில் வைக்க, அது தன்னை 90000க்கு நகர்த்திக்கொண்டு மிச்சத்தை இழுக்கிறது. பிறகு கெர்னல், ரூட் பிளாப்பியைப் போட்டு என்டர் தட்டு என்கிறது! வீட்டில் பிளாப்பி ஏது? கியூஎமுவிடம் வேறொரு கோப்பைக் காட்டினேன், ஏற்றுக்கொண்டது.

புதிய லினக்ஸை 386இல் போட முடியாது. 2013இல் வந்த 3.8, அந்தச் சில்லுக்கான ஆதரவை எடுத்துவிட்டது. 386க்கு எழுதிய நிரலைக் கியூஎமு இன்னும் ஓட்டுகிறது.