தனியாக ஓடுவதா, பாஸ் கொடுப்பதா?

ராயபுரம், காசிமேடு பக்கம் சந்தில் பந்து உதைத்து வளர்ந்தவர்களுக்கு ஒரு குரல் இன்னும் காதில் இருக்கும். "பாஸ் குடுடா!" பந்து யார் காலில் இருக்கிறதோ அவனைத் தவிர மற்ற எல்லோரும் கத்துவது அது. கத்தியவனுக்கே பந்து கிடைத்துவிட்டால் அவனும் கொடுக்க மாட்டான். நானும் கொடுத்தவன் இல்லை.

வடசென்னைப் பையன்களைப் பற்றி அந்தக் காலத்தில் ஒரு பேச்சு உண்டு. "காலில் வித்தை இருக்கிறது, ஆனால் தனி ஆட்டம் ஆடுவான்." இதைக் கேட்டுக் கேட்டு எனக்கே அது நம் குணக்கோளாறு என்று தோன்றியது. கால்பந்தின் சரித்திரத்தைப் படித்த பிறகு அந்த எண்ணம் மாறியது.

இங்கிலாந்தில் 1863ல் கால்பந்துக்கு விதிகள் எழுதியபோது, பந்துக்கு முன்னால் நிற்பவன் ஆட்டத்திலேயே சேர்த்தி இல்லை. எனவே முன்னால் பாஸ் கொடுக்க வழியே கிடையாது. ஒருவன் பந்தை உருட்டிக்கொண்டு ஓடுவான். மற்றவர்கள் அவன் பின்னாலேயே கூட்டமாக ஓடுவார்கள், அவன் தவறவிட்டால் எடுத்துக்கொள்ள. டிரிபிளிங்தான் ஆட்டம். 1866ல் ஆஃப்சைடு விதியைத் தளர்த்தினார்கள். எதிரணியினர் மூன்று பேர் முன்னால் இருந்தால் போதும், பந்தை வாங்கலாம் என்றானது. பாஸுக்குக் கதவு திறந்தது அப்போதுதான்.

அந்தக் கதவுக்குள் முதலில் நுழைந்தவர்கள் ஸ்காட்லாந்துக்காரர்கள். 1872 நவம்பர் 30ல் கிளாஸ்கோவில் நடந்த முதல் சர்வதேசப் போட்டியில் இங்கிலாந்து எட்டு பேரை முன்வரிசையில் நிறுத்தி ஓட ஓட விரட்டியது. ஸ்காட்லாந்து ஆட்டக்காரர்கள் எடையில் குறைந்தவர்கள். மோதினால் தாங்காது. ஆகவே பந்தைத் தங்களுக்குள் மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். முடிவு 0-0. பலசாலிகளை மெலிந்தவர்கள் தடுத்து நிறுத்திவிட்டார்கள்.

அமெரிக்காவில் ஃபுட்பால் என்றால் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடும் வேறொரு ஆட்டம். அங்கும் இதே கதைதான். முன்னோக்கி எறிய 1906ல்தான் அனுமதி கிடைத்தது. எவ்வளவு ஓடுவது, எவ்வளவு எறிவது என்று அங்குள்ள பயிற்சியாளர்கள் இன்றுவரை தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள்.

நம் நாட்டில் இந்தக் கேள்விக்குச் சரியான விடை கண்டவர் ஹைதராபாத்தின் சையத் அப்துல் ரஹீம். பள்ளி ஆசிரியராக இருந்தவர். அவர் பயிற்சி கொடுத்த ஹைதராபாத் சிட்டி போலீஸ் அணி 1950 முதல் 1954 வரை ஐந்து வருடமும் ரோவர்ஸ் கோப்பையை வென்றது. டிரிபிளிங்கே செய்யக் கூடாது என்று விதி வைத்து அவர் போட்டிகள் நடத்தினார். பந்து வந்தால் உடனே கொடுத்துவிட வேண்டும். வைத்துக்கொள்ள முடியாது என்று தெரிந்துவிட்டால், பந்து வருவதற்கு முன்பே யாருக்குக் கொடுக்கலாம் என்று கண் தேட ஆரம்பிக்கும். கால் பழகுவதற்கு முன் கண் பழக வேண்டும் என்பது அதன் சூட்சுமம்.

பலன் உடனே தெரிந்தது. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று தோற்ற இந்தியா, 1956 மெல்போர்னில் ஆஸ்திரேலியாவை 4-2 என்று வென்று அரையிறுதிக்குப் போனது. 1960 ரோம் ஒலிம்பிக்கில் பெருவுக்கு எதிராக ஒரு கோல் போட்டவர் நம் தஞ்சாவூர்க்காரர் சைமன் சுந்தரராஜ். ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியாவின் கடைசி கோல் இன்றுவரை அதுதான். 1962ல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தென் கொரியாவை 2-1 என்று வென்று தங்கம். அடுத்த ஆண்டே ரஹீம் புற்றுநோயால் காலமானார்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஜகார்த்தா அணியின் கேப்டன் சுனி கோஸ்வாமி, டிரிபிளிங்கில் பெயர் எடுத்தவர். டிரிபிளிங்கைத் தடை செய்து போட்டி நடத்திய மனிதர், அப்படிப்பட்டவரை அணியில் வைத்துக்கொண்டே தங்கம் வாங்கினார். பாஸ் கொடுக்கத் தெரிந்த பத்து பேர் சுற்றி இருந்தால், ஓடத் தெரிந்தவனின் ஓட்டத்துக்கு மதிப்பு கூடுகிறது. கொடுப்பானா, ஓடுவானா என்று எதிரிக்குத் தெரியாது. அந்த ஒரு நொடித் தடுமாற்றத்தில்தான் கோல் பிறக்கிறது.

இப்போது நம் சந்துக்கு வருவோம். இரண்டு ஆள் கை நீட்டினால் முட்டும் அகலம். ஒரு பக்கம் குழாயடி, மறுபக்கம் நிறுத்தி வைத்த சைக்கிள். கோல் போஸ்டுக்கு இரண்டு செருப்பு. இங்கே யாருக்குப் பாஸ் கொடுப்பது? ஓரத்தில் காலியாக நிற்க ஓரமே இல்லை. பந்தைக் காலோடு ஒட்டி வைத்து ஆளைத் தாண்டுகிறவன்தான் பிழைப்பான். 1863ல் இங்கிலாந்துக்காரனை விதி எப்படித் தனியாக ஓட வைத்ததோ, அப்படி எங்களை இடம் ஓட வைத்தது. அதைச் சுயநலம் என்று திட்டினார்கள். மைதானம் கொடுத்துவிட்டுத் திட்டியிருக்கலாம்.

இதற்குச் சாட்சி பக்கத்திலேயே இருக்கிறது. வியாசர்பாடியில் பிள்ளைகளுக்கு மைதானமும் முறையான பயிற்சியும் கிடைக்க ஆரம்பித்த பிறகு அங்கிருந்து வந்தவர் தனபால் கணேஷ். அவர் ஆடிய இடம் நடுக்களம். வாங்கிக் கொடுப்பதே அந்த இடத்தின் வேலை. 2018 மார்ச்சில் ஐ.எஸ்.எல். அரையிறுதியில் கோவாவுக்கு எதிராகச் சென்னையின் எஃப்.சி. 3-0 என்று வென்றபோது அதில் ஒரு கோல் அவருடையது. அந்த ஆண்டு கோப்பையும் சென்னைக்கே வந்தது.

நேற்று மாலை எங்கள் தெருவில் ஒரு பொடியன் மூன்று பேரைத் தாண்டி, நான்காவது ஆளிடம் பந்தைப் பறிகொடுத்தான். கூட்டாளிகள் திட்டினார்கள். நான் திட்டவில்லை. அவனுக்கு இன்னும் கொஞ்சம் அகலமான இடம் கிடைக்க வேண்டும் என்று மட்டும் நினைத்துக்கொண்டேன்.