செல்லுக்குள் ஓர் எரிபொருள் மானி

மோட்டார் சைக்கிளில் பெட்ரோல் மானி பழுதாகிவிட்டால் நாம் என்ன செய்கிறோம்? தொட்டியின் மூடியைத் திறந்து, வண்டியை இருபுறமும் அசைத்து, உள்ளே எழும் ஓசையைக் கேட்டு ஒருவாறு திருப்தி அடைகிறோம். நம் உடலின் ஒவ்வொரு செல்லும் ஓயாது எரிபொருளைச் செலவிடுகிறது. அது தன் இருப்பை எவ்வாறு அறிகிறது? நீரிழிவு நோயாளிகளின் உயிரைப் பெரும்பாலும் பறிப்பது இதயக் குழாய் நோயே என்பதை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். இவ்விரண்டு செய்திகளும் எங்கே சந்திக்கின்றன என்பதை இங்கு காண்போம்.

செல்லின் எரிபொருள் அடினோசின் முப்பாஸ்பேட். 1929ஆம் ஆண்டில் ஜெர்மனியில் கார்ல் லோமனும், அமெரிக்காவின் ஹார்வர்டில் ஃபிஸ்கேயும் சுப்பாராவும் தனித்தனியே இதைக் கண்டறிந்தனர். சுப்பாராவ் சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். முப்பாஸ்பேட் ஒரு பாஸ்பேட்டை இழந்து இருபாஸ்பேட்டாக மாறும்போது ஆற்றல் வெளிப்படுகிறது. (இவ்விரண்டின் ஆங்கிலச் சுருக்கங்களையும் தமிழில் எழுதினால் இரண்டுமே ஏ.டி.பி. என்றாகிவிடும்! எனவே முழுப் பெயர்களையே கையாளுவோம்.) ஒரு நாளில் நாம் சிதைத்துச் சிதைத்து மீண்டும் ஆக்கும் முப்பாஸ்பேட்டின் எடை ஏறத்தாழ நம் உடல் எடைக்குச் சமம். ஆனால் எந்த நேரத்திலும் உடலிலுள்ள இருப்பு கால் கிலோவுக்கு மிகாது.

இவ்வளவு சிறிய இருப்பில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால்கூடச் செல் உடனே உணர வேண்டும். நூறு தொண்ணூறாவதை உணர்வது எந்தக் கருவிக்கும் எளிதன்று. செல் இதை எப்படிச் சமாளிக்கிறது என்பது, இயற்பியல் கற்பிக்கும் என்னை மிகவும் கவர்ந்த பகுதி. இரண்டு இருபாஸ்பேட் மூலக்கூறுகள் சேர்ந்தால், ஒன்று மற்றொன்றுக்குத் தன் பாஸ்பேட்டைக் கொடுத்துவிட்டு ஒருபாஸ்பேட்டாகிவிடும். அடினைலேட் கைனேஸ் என்னும் நொதி இதை நடத்துகிறது. இச்சமநிலையின் மாறிலி ஏறத்தாழ 1. ஒரு தாளை எடுத்துக் கணக்கிட்டுப் பாருங்கள். முப்பாஸ்பேட் 100, இருபாஸ்பேட் 10, ஒருபாஸ்பேட் 1 எனத் தொடங்குவோம். முப்பாஸ்பேட் 90 ஆகக் குறைந்தால் இருபாஸ்பேட் 17.6 ஆகவும், ஒருபாஸ்பேட் 3.4 ஆகவும் உயரும். எரிபொருள் பத்து சதவீதமே குறைந்தது. ஒருபாஸ்பேட்டோ மூன்று மடங்குக்கு மேல் பெருகிவிட்டது. விறகை எண்ணாமல் சாம்பலை அளக்கும் உத்தி இது.

சாம்பலை அளக்கும் கருவி எது? இதன் வரலாறு சற்று வேடிக்கையானது. 1973இல் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் இரண்டு ஆய்வுக்கூடங்கள், ஒன்றுக்கொன்று ஏறத்தாழ நூறு கி.மீ. தொலைவில், இருவேறு நொதிகளை ஆராய்ந்தன. பர்டியூ பல்கலைக்கழகத்தில் கார்ல்சனும் கிம்மும் எடுத்துக்கொண்டது கொழுப்பு அமிலங்களை உண்டாக்கும் நொதி. இண்டியானாபொலிஸ் மருத்துவப் பள்ளியில் பெக், ஆல்மன், கிப்சன் ஆகியோர் எடுத்துக்கொண்டது கொலஸ்டிராலை உண்டாக்கும் நொதி. முப்பாஸ்பேட்டைச் சேர்த்தபோது இரண்டு நொதிகளும் உறங்கிவிட்டன. வேறொரு நொதி அவற்றின்மீது பாஸ்பேட்டை ஒட்டுவதே காரணம் எனப் புலனாயிற்று. அத்தகைய ஒட்டும் நொதிக்குக் கைனேஸ் என்று பெயர். 1980இல், கொழுப்பு நொதியை அடக்கும் கைனேஸை ஒருபாஸ்பேட் ஊக்குவிக்கிறது என்று கிம் குழுவினர் கண்டனர். எனினும் கொழுப்பாரும் கொலஸ்டிராலாரும் தத்தம் பாதையிலேயே சென்றுகொண்டிருந்தனர்.

பதினான்கு ஆண்டுகள் கழித்து, 1987இல், ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் கார்லிங், ஹார்டி ஆகியோர் ஸாமிட்டுடன் சேர்ந்து, இரண்டு கைனேஸ்களும் ஒன்றே எனக் காட்டினர். அதே 1987இல்தான், அந்தக் கொலஸ்டிரால் நொதியைத் தடுக்கும் முதல் ஸ்டாட்டின் மருந்து அமெரிக்காவில் அனுமதி பெற்றது என்பதும் நினைவில் கொள்ளத் தக்கது. அக்கைனேஸ் பின்னர் ஏ.எம்.பி.கே. எனப் பெயர் பெற்றது. இருப்பு குறைந்தால் அது விழிக்கும். கொழுப்பும் கொலஸ்டிராலும் உண்டாவதை நிறுத்தும். கொழுப்பை எரிக்கும் வழியைத் திறக்கும். ஓடும் எலிகளின் தசையில் அது விழிப்பதை 1996இல் வின்டரும் ஹார்டியும் கண்டனர். உடற்பயிற்சி சர்க்கரைக்கும் இதயத்துக்கும் ஒருங்கே நன்மை செய்வதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம். உண்டு கொழுத்து அசையாமல் இருக்கும் உடலில் இம்மானி விழிக்க வாய்ப்பே குறைவு.

அப்படியானால், மானியை மருந்தால் விழிக்கச் செய்தால் என்ன? ஏற்கெனவே ஒரு மருந்து கையில் இருந்தது. மெட்ஃபார்மின் 1922இல் டப்ளினில் ஆக்கப்பட்டு, 1957இல் பாரிஸில் ஜான் ஸ்டெர்ன் என்ற மருத்துவரால் நீரிழிவுக்குப் பயன்படுத்தப்பட்டது. பருமனான நீரிழிவு நோயாளிகளிடம் அது மாரடைப்பை 39 சதவீதம் குறைத்ததாக 1998இல் பிரிட்டனின் பெரிய ஆய்வு ஒன்று தெரிவித்தது. 2001இல் அது ஏ.எம்.பி.கே.யை விழிக்கச் செய்வதும் தெரிந்தது. புதிர் விடுபட்டது என்று பலர் மகிழ்ந்தனர். ஆனால் 2010இல், கல்லீரலில் ஏ.எம்.பி.கே.யே இல்லாத எலிகளுக்குப் பாரிஸ் ஆய்வாளர்கள் மெட்ஃபார்மின் கொடுத்தபோது, அவற்றின் சர்க்கரையும் குறைந்தது! மருந்துக்கு வேறு வழிகளும் உண்டு என்று ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.

இதயத்திலிருந்தும் ஓர் எச்சரிக்கை வந்தது. சில குடும்பங்களில் இதயத் தசை தடித்து, துடிப்பின் ஒழுங்கும் கெடுகிறது. ஏ.எம்.பி.கே.யின் ஓர் உறுப்பை ஆக்கும் மரபணுவிலுள்ள பிழையே இதற்குக் காரணம் என 2001இல் தெரியவந்தது. இவர்களின் இதயத்தில் கிளைகோஜன் என்னும் சேமிப்புச் சர்க்கரை குவிந்து கிடக்கிறது. தொட்டி நிறைந்திருக்கும்போதே காலி என்று காட்டும் மானியைப் பெற்ற வண்டி போன்றது அது. 2017இல் மெர்க் நிறுவன ஆய்வாளர்கள், உடலெங்கும் ஏ.எம்.பி.கே.யை விழிக்கச் செய்யும் ஒரு புதிய பொருளை எலிகளுக்கும் குரங்குகளுக்கும் கொடுத்துப் பார்த்தனர். இரத்தச் சர்க்கரை நன்கு குறைந்தது. கூடவே அவற்றின் இதயமும் தடித்தது. அதில் கிளைகோஜனும் கூடியிருந்தது.