மாதா, மதர், அம்மா – ஆர்.சி. பள்ளிக்கூடமும் நம் தாய்மார்களும்



மலர்க்குழுவினர் கட்டுரை கேட்டபோது, ஹாஸ்டல் மெஸ், ஒர்க்‌ஷாப், கல்ச்சுரல்ஸ் பற்றியெல்லாம் எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள், நாம் வேறு ஏதாவது எழுதலாம் என்று தோன்றியது. கல்லூரிக்கு வருவதற்கு முன்னால் நாம் எல்லோரும் எங்கோ ஒரு தொடக்கப் பள்ளியில் உட்கார்ந்து 'அ' எழுதியவர்கள்தான். நம்மில் பல பேருக்கு அந்த இடம் ஊரில் கோயிலை ஒட்டியிருந்த ஆர்.சி. தொடக்கப் பள்ளி. கத்தோலிக்கக் குடும்பம், இந்துக் குடும்பம், முஸ்லிம் குடும்பம் என்று வித்தியாசம் இல்லாமல் ஊர்ப் பிள்ளைகள் அங்கேதான் படித்தோம்.

அந்தப் பள்ளியில் எங்களுக்கு மூன்று தாய்மார்கள் இருந்தார்கள். கெபியில் நிற்பவர் மாதா. தலைமைக் கன்னியர் 'மதர்'. வாசலில் தூக்குவாளியோடு நிற்பவர் அம்மா. முதல் இருவருக்கும் விழாவும் மாலையும் உண்டு. மூன்றாமவர் அந்தப் பள்ளியின் வரலாற்றில் எங்கே இருந்தார் என்று தேடிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். நான் கட்டடப் பொறியாளன். ஒரு கட்டடத்தைப் பார்த்தால் பாரம் எந்தத் தூண் வழியாக இறங்குகிறது என்றுதான் முதலில் பார்ப்பேன். அந்தப் பழக்கத்தில் எழுதுவதாக வைத்துக்கொள்ளுங்கள்.

மணி அடித்துக் கூப்பிட்ட பள்ளி

1542-ல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியாருக்குத் தமிழ் தெரியாது. இரு மொழியும் தெரிந்த உள்ளூர்க்காரர்களை வைத்து ஜெபங்களைத் தமிழில் எழுதி வாங்கி மனப்பாடம் செய்தார். பிறகு கையில் மணியை ஆட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டினார். 1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து அவர் எழுதிய கடிதத்தில் இதெல்லாம் வருகிறது. இங்கே படித்ததை வீட்டுக்குப் போய் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் சொல்லிக் கொடுங்கள் என்று பிள்ளைகளிடம் சொன்னதாகவும் அதில் இருக்கிறது.

ஆக, 480 வருஷத்துக்கு முன்னால் அந்தக் கடற்கரையில் அம்மாவுக்குப் பள்ளியில் இடம் இல்லை. ஆனால் பாடம் மட்டும் பிள்ளை வழியாக அடுப்படி வரைக்கும் போயிற்று. பிள்ளை படிக்கும், தாய் கேட்டுத் தெரிந்துகொள்வாள். இந்த ஏற்பாடு ரொம்ப காலம் அப்படியே நீடித்தது.

பெண்பிள்ளைக்கும் பலகை கொடுத்த வருஷம்

பெண்களுக்குப் பள்ளி என்று பார்த்தால் தரங்கம்பாடியில் சீகன்பால்கு 1707-லேயே தொடங்கிவிட்டார். அவர் லுத்தரன் சபையைச் சேர்ந்தவர். கத்தோலிக்கர் தரப்பில் பெரிய திருப்பம் 1844-ல் புதுச்சேரியில் வந்தது. அந்த ஆண்டு கூடிய புதுவை ஆயர் மன்றம் பெண்கல்வியை வலியுறுத்தியது. அதே ஆண்டிலேயே துபுய் அடிகளார் பெண்பிள்ளைகளுக்குக் கல்வி தருவதற்கென்றே உள்ளூர்ப் பெண்களைக் கொண்டு மரியாளின் மாசற்ற இதயக் கன்னியர் சபையை நிறுவினார். மிஷன் அச்சகத்தை நடத்தியவரும், மூசே அடிகளாரோடு சேர்ந்து தமிழ்–பிரெஞ்சு அகராதி தொகுத்தவரும் இவரே.

அந்தக் காலத்தில் பெண்பிள்ளையை எழுத்துக்கு அனுப்புவது என்றால் வீட்டிலேயே எதிர்ப்பு. 'படிச்சு என்ன கலெக்டராகப் போறாளா?' என்ற கேள்விக்கு வெளிநாட்டுச் சாமியார் பதில் சொன்னால் எடுபடாது. சேலை கட்டிய, தமிழ் பேசுகிற, நம்மூர்ப் பெண் வந்து வகுப்பில் நின்றால் எடுபடும். அதனால்தான் உள்ளூர்க் கன்னியர் சபைகள் முக்கியம். பிறகு திருச்சியில் விதவைப் பெண்கள் ஒன்றுகூடி புனித அன்னாள் சபை உருவானதும் இதே வழியில்தான். வீட்டு மூலையில் உட்காரச் சொல்லப்பட்டவர்கள் டீச்சரம்மா ஆனார்கள். 'மதர்' என்று ஊரே எழுந்து நின்ற மரியாதை இப்படித்தான் பிறந்தது.

ஒரே காம்பவுண்டு, ஒரே ஊர்

1854-ல் வந்த உட் கல்வி அறிக்கை, தனியார் நடத்தும் பள்ளிகளுக்கு அரசு மானியம் தரலாம் என்று வழி திறந்தது. 'அரசு உதவி பெறும்' என்று பள்ளிப் போர்டில் நாம் படித்த வார்த்தைக்கு மூலம் அதுவே. கட்டடமும் நிர்வாகமும் மறைமாவட்டத்துடையது அல்லது சபையுடையது, ஆசிரியர் சம்பளம் அரசுடையது, பிள்ளைகள் ஊருடையவர்கள். இந்த மூன்றும் சேர்ந்தால்தான் பள்ளி.

அரசியல் சட்டத்தின் 28(3) பிரிவுப்படி, உதவி பெறும் பள்ளியில் யாரையும் அவர் சம்மதமின்றி, சிறுவர் என்றால் பெற்றோர் சம்மதமின்றி, மத போதனையில் சேர்க்கக் கூடாது. அதனால் முதல் பீரியடில் கத்தோலிக்கப் பிள்ளைகள் ஞானோபதேசத்துக்குப் போவார்கள், மற்றவர்களுக்கு நீதிபோதனை. ரெண்டு கும்பலும் பத்தே நிமிஷத்தில் மறுபடி ஒரே பெஞ்சில் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

காலண்டரும் ஊருக்குப் பொதுவாகத்தான் இருந்தது. ஆகஸ்ட் 15 மாதாவின் விண்ணேற்புத் திருநாள், சுதந்திர தினமும் அதே நாள். காலையில் கோயிலில் பூசை, அது முடிந்த கையோடு பள்ளி மைதானத்தில் கொடியேற்றம், அப்புறம் ஆரஞ்சு மிட்டாய். ஆகஸ்ட் 29 அன்று வேளாங்கண்ணியில் கொடி ஏறினால் செப்டம்பர் 8 மாதா பிறந்த திருநாள் வரை காவிச் சேலை கட்டிய கூட்டம் சாலையில் நடந்து போய்க்கொண்டே இருக்கும். அந்தக் கூட்டத்தில் நம் வகுப்பு இந்துப் பையனின் அம்மாவும் இருப்பார். நேர்ச்சைக்கு மதம் கிடையாது.

இந்த நாட்களில் எங்க ஊர்ப் பள்ளியில் வேலை செய்தவர்கள் யார் என்று யோசித்துப் பாருங்கள். முதல் நாள் சாயங்காலம் சாணி தெளித்து மைதானத்தைக் கூட்டியது, கோலம் போட்டது, நாடகத்துக்குப் பழைய சேலையில் திரை தைத்தது, சம்மனசு வேஷத்துக்கு அட்டையில் சிறகு ஒட்டியது எல்லாம் அம்மாக்கள். மேடையில் பேசியவர்கள் பங்குச் சாமியார், பஞ்சாயத்துத் தலைவர், மதர். நன்றியுரையின் கடைசி வரியில் 'மற்றும் பெற்றோர்கள்' என்று ஒரு சொல் வரும். தாய்மார்கள் அந்தச் சொல்லுக்குள் அடக்கம்.

அடுப்படியில் தெரிந்த பாரம்

பள்ளியின் பாரம் எந்தத் தூணில் இறங்கியது என்று பார்க்க வேண்டுமானால் சமையல் கூடத்துக்குத்தான் போக வேண்டும். சென்னையில் நீதிக்கட்சிக் காலத்தில் ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் தொடங்கிய மதிய உணவு, காமராசர் ஆட்சியில் 1956-ல் மாநிலத் திட்டமானது. அப்போது ஊர் மக்களின் நன்கொடை இல்லாமல் அடுப்பு எரியவில்லை. வீட்டுக்கு வீடு பிடி அரிசி எடுத்து வைத்த கைகள் யாருடையவை என்று சொல்லத் தேவையில்லை. 1960-களில் கேர் நிறுவனத்தின் பால் பவுடர் வந்ததை நம் மூத்த அண்ணன்மார்கள் இன்றும் சொல்வார்கள். 1982 ஜூலை 1 அன்று பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். அதில் அமைப்பாளராகவும் ஆயாவாகவும் வேலைக்கு வந்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். என் தலைமுறை அந்தச் சாம்பார் சாதத்தில் வளர்ந்தது.

அடுத்தது காலை உணவு. 2022 செப்டம்பர் 15-ல் மதுரையில் அரசுப் பள்ளிகளுக்காகத் தொடங்கிய திட்டம், 2024 ஜூலை 15-ல் ஊரகப் பகுதி அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தது. அதைத் தொடங்கி வைத்த இடம் திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரியில் உள்ள புனித அன்னாள் தொடக்கப் பள்ளி. 2025 ஆகஸ்ட் 26-ல் நகர்ப்புற உதவி பெறும் பள்ளிகளுக்கு விரிந்தபோது மயிலாப்பூர் புனித சூசையப்பர் தொடக்கப் பள்ளியில் விழா. இரண்டுமே நமக்குப் பழக்கமான ஆர்.சி. பள்ளி வகை. அன்னாள் என்பவர் மாதாவின் தாய். ஊட்டுகிற திட்டம் ஒரு தாயின் பெயர் கொண்ட பள்ளியில் தொடங்கியது பொருத்தம்தானே!

இந்தத் திட்டத்தில் சமைப்பவர்கள் மகளிர் சுயஉதவிக் குழுவினர். அவர்கள் பிள்ளையும் அதே பள்ளியில் படிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. தன் பிள்ளை சாப்பிடுகிற கிண்டியில் யாரும் கைவைக்க மாட்டார்கள் என்ற கணக்கு. தரக் கட்டுப்பாட்டுக்கு இதைவிட நல்ல முறையை நான் எந்த சைட்டிலும் பார்த்ததில்லை.

அன்னையர் தினம் லீவில் வருகிறது

அன்னையர் தினம் அமெரிக்காவில் பிறந்தது. ஆன் ரீவ்ஸ் ஜார்விஸ் என்ற பெண்மணி, பெற்ற பிள்ளைகளில் பலரைச் சின்ன வயதிலேயே பறிகொடுத்தவர். உள்நாட்டுப் போருக்கு முன்பே தாய்மார்களைச் சேர்த்து மன்றங்கள் அமைத்தார். சுகாதாரம் சொல்லித் தருவது, நோயாளி வீட்டுக்கு மருந்து வாங்கிக் கொடுப்பது, பால் சுத்தமாக இருக்கிறதா என்று பார்ப்பது இவைதான் அந்த மன்றங்களின் வேலை. அவர் இறந்த பிறகு மகள் ஆனா ஜார்விஸ் 1908 மே 10-ல் கிராஃப்டன் ஊர் ஆலயத்தில் முதல் விழாவை நடத்தினார். 1914-ல் ஜனாதிபதி வில்சன் மே இரண்டாம் ஞாயிறை அறிவித்தார். பின்னாளில் அது பூக்கடை, வாழ்த்து அட்டை வியாபாரமாக மாறியதைக் கண்டு அதே மகள் கடைசி வரை எதிர்த்துப் போராடினார். ஆக, அந்த நாளின் வேரில் இருந்தது பூச்செண்டு இல்லை, ஊர்ப் பிள்ளைகள் சாகாமல் இருக்க வேண்டும் என்ற கவலை.

நம் ஊரில் இன்னொரு சங்கடம். மே மாதம் முழுப் பரீட்சை லீவு. அது மாதாவின் வணக்க மாதம், ஜெபமாலை நடக்கும், ஆனால் பள்ளி பூட்டியிருக்கும். அதனால்தான் பல பள்ளிகளில் தாய்மாரைக் கொண்டாடுவது ஆகஸ்ட் 15-லோ, செப்டம்பர் 8-லோ, ஆண்டு விழாவிலோ சேர்ந்துகொள்கிறது. மியூசிக்கல் சேர், கோலப்போட்டி, எவர்சில்வர் டம்ளர் பரிசு. வேண்டாம் என்று சொல்லவில்லை. அன்று எங்கள் அம்மாக்கள் சிரித்த சிரிப்பை வேறு நாளில் பார்த்ததில்லை. ஆனால் கொண்டாட்டம் அதோடு நின்றுவிடலாமா?

ரிஜிஸ்டரில் ஒரு பெயர்

கோயில் ஞானஸ்நானப் பதிவேட்டைப் புரட்டினால் குழந்தையின் பெயர், தந்தை பெயர், தாய் பெயர் மூன்றும் இருக்கும். 1614-ல் வெளியான ரோமைச் சடங்கு நூலிலேயே அப்படித்தான் வாசகம். அதே காம்பவுண்டில் நாலு எட்டு தள்ளியிருந்த பள்ளி அட்மிஷன் ரிஜிஸ்டரில் 'பெற்றோர் அல்லது பாதுகாவலர்' என்ற கட்டத்தில் பெரும்பாலும் அப்பா பெயர் மட்டுமே. நம் இனிஷியலும் அப்பாவுடையது. ரேங்க் கார்டிலும் 'அப்பாகிட்ட கையெழுத்து வாங்கிட்டு வா' தான்.

கையெழுத்துக்கும் ஒரு கதை உண்டு. 1951 கணக்கெடுப்பில் நாட்டுப் பெண்களில் எழுத்தறிந்தவர் 100-க்கு 9 பேர்கூட இல்லை. 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் வந்தது. புதுக்கோட்டையில் பெண்கள் சைக்கிளும் எழுத்தும் ஒன்றாகக் கற்றதை நாடே பேசியது. எங்க ஊரில் ராத்திரி வகுப்பு நடந்தது பள்ளிக்கூட வராண்டாவில்தான் என்று அம்மா சொல்வார். பகலில் பிள்ளை உட்கார்ந்த இடத்தில் இரவில் தாய். 2011-ல் தமிழ்நாட்டுப் பெண்களின் எழுத்தறிவு ஏறக்குறைய 73 சதவீதம்.

சட்டமும் மெதுவாக வந்தது. மகனின் பெயரில் பத்திரம் வாங்கப் போன எழுத்தாளர் கீதா ஹரிஹரனிடம் தந்தையின் கையெழுத்து கேட்கப்பட்டது. 1999 பிப்ரவரி 17-ல் உச்ச நீதிமன்றம், இந்து பாதுகாவலர் சட்டத்தின்படி தந்தை உயிரோடு இருக்கும்போதே தாயும் இயற்கைப் பாதுகாவலராக இருக்க முடியும் என்று விளக்கம் தந்தது. 2009 கல்வி உரிமைச் சட்டம், பள்ளி மேலாண்மைக் குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள் என்றது. ஆனால் 2014 மே மாதத் தீர்ப்பில் சிறுபான்மைப் பள்ளிகள் அச்சட்டத்துக்கு வெளியே போய்விட்டன. எனவே ஆர்.சி. பள்ளியில் தாய்மார்களை நிர்வாக மேசையில் உட்கார வைப்பது சட்டத்தின் கட்டாயம் இல்லை, நிர்வாகத்தின் மனசு.

நாம் செய்யக்கூடியது

தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.8 குழந்தைகள் என்கிறது 2019–21 குடும்பநல ஆய்வு. பிள்ளைகள் குறைகிறார்கள். இருப்பவர்களையும் காலையில் வேன் வந்து இங்கிலீஷ் மீடியத்துக்கு ஏற்றிக்கொண்டு போகிறது. பிள்ளைகள் குறைந்தால் ஆசிரியர் பணியிடமும் போகும், அப்புறம் பூட்டுத்தான். பூட்டுகிற அன்று ஒரு பள்ளி மட்டும் மூடுவதில்லை. மதம், சாதி பார்க்காமல் நாலு தெரு அம்மாக்கள் ஒன்றாக நின்று பேசிய ஒரே வாசலும் மூடுகிறது. இதுதான் என் கவலை.

சங்கத்துக்கு மூன்று சிறு யோசனைகள். ஒன்று, நம் உதவித்தொகை விண்ணப்பத்தில் தாயின் பெயரையும் கையெழுத்தையும் முதல் வரியில் கேட்போம். இரண்டு, ஒவ்வொரு செட்டும் தங்களில் ஒருவர் படித்த ஒரு தொடக்கப் பள்ளியைத் தேர்ந்து கழிப்பறை, தண்ணீர்த் தொட்டி, ஒழுகுகிற கூரை என்று ஒரு வேலையைச் செய்து கொடுப்போம். இன்ஜினியர்கள் நிறைந்த சங்கம், எஸ்டிமேட்டுக்குச் செலவில்லை. எந்த வேலை முதலில் என்பதை அந்தப் பள்ளியின் தாய்மார்களைக் கூட்டிவைத்துக் கேட்டு முடிவு செய்வோம். மூன்று, அடுத்த சங்கமத்துக்கு வரும்போது முடிந்தவர்கள் அம்மாவையும் அழைத்து வாருங்கள். மேடைக்குக் கூப்பிட்டுச் சால்வை போடுவதோடு விட்டுவிடாமல், மைக்கைக் கையில் கொடுத்து இரண்டு நிமிஷம் பேசச் சொல்வோம். 'மற்றும் பெற்றோர்கள்' என்ற சொல்லுக்குள் இத்தனை காலம் அடங்கியிருந்தவர்கள் என்ன சொல்லப் போகிறார்கள் என்று கேட்க எனக்கு ஆசை.