இரும்பில் பதிந்த எழுத்துகள்: ஒரு போர்க்காலச் சுழல் துப்பாக்கியின் முத்திரைகளை வாசித்தல்

கல்வெட்டு, செப்பேடு, ஓலைச்சுவடி ஆகியவற்றை வரலாற்றுச் சான்றுகள் என்று நாம் மாணவர்க்குக் கற்பித்து வருகிறோம். தொழிற்சாலையில் செய்யப்பட்ட இரும்புப் பொருளும் எழுத்தைச் சுமக்கிறது. இவ்வுரைக்கு நாம் எடுத்துக்கொள்வது, இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் ஸ்மித் அண்ட் வெசன் நிறுவனம் செய்த ‘விக்டரி’ வகைச் சுழல் துப்பாக்கி. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் துப்பாக்கிச் சட்டங்கள் மிகக் கடுமையானவை. ஆதலின் இத்தகைய பொருளை நாம் அருங்காட்சியகக் கண்ணாடிக்கு வெளியே நின்றுதான் காண்போம். எழுத்தை வாசிக்கத் தெளிவான ஒளிப்படமே போதும்.

இவ்வகைத் துப்பாக்கிகளுள் சிலவற்றைக் காணும் சேகரிப்பாளர் முதலில் திகைத்துப் போவர். சட்டகத்தின் மேற்புறத்தில் ‘ஐக்கிய அமெரிக்க நாடுகளின் உடைமை’ என்னும் பொருளுடைய ஆங்கில வரி இருக்கும். அதே துப்பாக்கியில் ‘இங்கிலாந்தில் செய்யப்பட்டதன்று’ என்னும் வரியும் இருக்கும். அமெரிக்க அரசின் உடைமை, இங்கிலாந்தின் சோதனைச்சாலைக்கு எவ்வாறு போயிற்று? இரு வரிகளும் உண்மையே. அவற்றைப் பொறித்த கைகள் வேறு, காலமும் வேறு.

1940இல் பிரிட்டன் இந்நிறுவனத்திடம் துப்பாக்கிகளை விலை கொடுத்து வாங்கியது. அவற்றில் அமெரிக்க உடைமை என்ற குறிப்புக்கு இடமில்லை. 1941 மார்ச்சில் அமெரிக்கா கடன்-குத்தகைச் சட்டத்தை இயற்றியது. அதன்பின் நேச நாடுகளுக்கு அனுப்பப்பட்ட ஆயுதங்கள் சட்டப்படி அமெரிக்காவுக்கே உரியவை. பயன்படுத்துவோர் மட்டுமே பிறர். எனவே உடைமை வரி பொறிக்கப்பட்டது. அந்த ஒற்றை வரி இருப்பதும் இல்லாததும் ஒரு துப்பாக்கியை ஒரு சட்டத்திற்கு முன்னும் பின்னும் பிரித்து வைக்கின்றன. போர் முடிந்து, பிரிட்டிஷ் படை தன்னிடம் மிகுந்தவற்றை விற்றபோது, முனைகள் ஒன்றையொன்று நோக்கும் இரண்டு அம்புக்குறிகள் பதிக்கப்பட்டன. படைப்பணியிலிருந்து விலக்கப்பட்டது என்பதன் அடையாளம் அது. பொதுச் சந்தைக்கு வருமுன் பர்மிங்காம் அல்லது லண்டன் சோதனைச்சாலை அதைச் சுட்டுச் சோதித்துத் தன் முத்திரையை இடவேண்டும். அயல்நாட்டுச் செய்பொருள் என்று அறிவிக்கும் வரி அங்குதான் சேர்ந்தது. தொழிற்சாலை முத்திரை என்று பலர் எண்ணுவனவற்றுள் பாதிக்கு மேல் தொழிற்சாலையைக் கண்டதே இல்லை என்று சொன்னால் மிகையாகாது.

அடுத்தது எண். 1942இல் இந்நிறுவனத்தின் முந்தைய தொடர் எண் பத்து லட்சத்தை எட்டியதும், ‘வி’ என்ற எழுத்தை முன்னிட்டுப் புதிய வரிசை 1இலிருந்து தொடங்கப்பட்டது. அந்த ‘வி’ வெற்றியைக் குறித்தது. துப்பாக்கிக்குப் பெயரும் அதனால் வந்தது. எண் கைப்பிடியின் அடியில் இருக்கும். தோளில் மாட்டும் கயிற்றுக்கான வளையம் அதே இடத்தில் பொருத்தப்பட்டதால், எழுத்து ஒரு புறமும் எண் மறுபுறமுமாகப் பிரிந்து நிற்கும். புதியவர் பலர் அந்த எழுத்தைக் கவனியாது விட்டுவிடுகின்றனர். அதனால் துப்பாக்கியின் வயது பல ஆண்டுகள் கூடிவிடுகிறது. வேறு சிலர், உருளையை வெளியே திறந்ததும் கண்ணில் படும் எண்ணையே தொடர் எண் எனக் கொள்கின்றனர். அது பொருத்துநர், ஒரே துப்பாக்கிக்குரிய பாகங்கள் பணிமனையில் கலந்துவிடாதிருக்க இட்ட எண். பணி முடிந்தபின் அதற்கு எந்தப் பொருளும் இல்லை. நம் பள்ளி நூலகங்களில் அட்டைமேல் இருக்கும் அடுக்கு எண்ணை நூல் வெளிவந்த ஆண்டு என்று மாணவன் எழுதிவைப்பது போன்ற பிழை இது.

மேற்புறத்தில் ‘டபிள்யூ.பி.’ அல்லது ‘ஜி.எச்.டி.’ என்ற தலைப்பெழுத்துகள் இருக்கலாம். ஒரு காலத்து உரிமையாளரின் பெயர் என்று இவற்றை நினைப்பவர் உண்டு. முன்னது வால்டெமார் புரோபெர்க், பின்னது கை டிரூரி. ஸ்பிரிங்ஃபீல்டு வட்டாரத்தில் படைக்கலங்களை அரசின் சார்பில் ஏற்றுக்கொண்ட அதிகாரிகள். ஒவ்வொரு துப்பாக்கியையும் அவர்கள் கையிலெடுத்துப் பார்த்தனர் என்பது பொருளன்று. அவர்கள் பொறுப்பில் ஏற்கப்பட்டது என்பதே பொருள். இன்னும் சிலவற்றில் ஆஸ்திரேலியாவின் லித்கோ ஆலை முழுமையாகப் பழுதுபார்த்ததைக் காட்டும் எழுத்துகளும் ஆண்டும் உள்ளன. அமெரிக்கப் படையின் கட்டுப்பாட்டிலிருந்த பவேரியாவின் காவல் துறைப் பெயரைத் தாங்கியவையும் உண்டு. ஒரே ஆலைப் பொருள் நான்கு நாடுகளின் எழுத்தைத் தாங்கி நிற்கிறது.

உயிரோடு தொடர்புடைய முத்திரைகளிடம் இனி வருவோம். பிரிட்டனுக்குச் சென்றவை குட்டையான, சற்றே பருத்த தோட்டாவுக்கு உரியவை. அமெரிக்கப் படைக்குச் சென்றவை ‘ஸ்பெஷல்’ எனப்படும் நீண்ட, சற்றே மெலிந்த தோட்டாவுக்கு உரியவை. இரண்டையும் 38 என்ற எண்ணாலேயே குறித்தனர். குழலின் மீதுள்ள வரியில் ‘ஸ்பெஷல்’ என்ற சொல் இருக்கிறதா இல்லையா என்பதே வேறுபாடு. போருக்குப் பின் அமெரிக்கச் சந்தையில் நீண்ட தோட்டாவே எளிதில் கிடைத்தது. எனவே வணிகர்கள் பிரிட்டிஷ் துப்பாக்கிகளின் தோட்டா அறைகளை நீளமாகக் குடைந்து விற்றனர். அறையின் பின்பகுதி முன்போலவே அகன்றிருந்ததால், மெலிந்த தோட்டாவின் கூடு சுடும்போது பருத்துப் பிளந்துபோவது வழக்கம். குழலின் மீதுள்ள பழைய வரியோ மாறவில்லை. 1942இல் அது சொன்னது மெய். குடைந்த பின்னர் அதுவே வழிதவறச் செய்யும்.

அதனினும் நம்மை நிறுத்தி வைப்பது ‘எஸ்’ என்ற ஓரெழுத்து. 1944இன் இறுதியில் அமெரிக்கக் கடற்படைக் கப்பலொன்றில் இத்துப்பாக்கி எஃகுத் தளத்தின்மீது தவறி விழுந்து வெடித்தது; ஒரு மாலுமி உயிரிழந்தார். சுத்தியல் தானாக முன்சென்று தோட்டாவை அடியாதிருக்க ஒரு தடுப்பு ஏற்கெனவே உள்ளே இருந்தது. அது நம்பத்தக்கதன்று என்பது தெளிவாயிற்று. நிறுவனம் மிகக் குறுகிய காலத்தில், விசையின் இயக்கத்தோடு கட்டாயமாக நகரும் புதிய தடுப்பை உருவாக்கியது. அது பொருத்தப்பட்டவற்றில் ‘வி’க்கு முன் ‘எஸ்’ சேர்க்கப்பட்டது. பழையவை பலவும் திரும்பப் பெறப்பட்டு, புதிய தடுப்பு இடப்பட்டு, ‘எஸ்’ முத்திரை பெற்றன. சிங்கப்பூர்க் காவலர்க்கு வழங்கப்பட்ட வெப்லி சுழல் துப்பாக்கிகளில் பாதுகாப்புப் பொறி வெளியே தெரியும்படி அமைந்திருந்தது. சுழல் துப்பாக்கியில் அது அரிய ஏற்பாடு. இங்கோ எல்லாம் உள்ளே மறைந்திருக்கிறது. அதைத் திறவாமலே அறிவிக்கும் ஒரே அடையாளம் அந்த எழுத்து.

விலை எழுத்தைச் சார்ந்திருக்கும் இடத்தில் போலி எழுத்தும் பிறக்கும். கடற்படைப் பெயர் பொறித்தவை கூடுதல் விலை பெறுவதால், பின்னாளில் அப்பெயரைப் பொறித்தோர் உண்டு. உண்மையான முத்திரை இரும்புக்கு மேற்பூச்சு இடுமுன் அடிக்கப்பட்டது. ஆதலால் எழுத்தின் பள்ளத்திலும் அதே சாம்பல் நிறம் படிந்திருக்கும். பின்னர் அடித்ததில் பள்ளத்தின் உள்ளே வெற்று இரும்பு மின்னும், விளிம்பு சற்றே மேலெழும்பி நிற்கும். ஐயம் எஞ்சினால், நிறுவனத்தின் பழைய ஏடுகளைப் பார்த்து வழங்கப்படும் சான்றுக் கடிதத்தைக் கேட்டுப் பெறலாம். அதில் காணும் நாள் செய்த நாளன்று, ஆலையை விட்டு அனுப்பிய நாள். எண் வரிசையிலேயே பெட்டிகள் வெளியேறவில்லை. சிறிய எண்ணுடையது பெரிய எண்ணுக்குப் பின்னர் அனுப்பப்பட்டதும் உண்டு.

ஏடும் இரும்பும் ஒவ்வாத இடங்களும் உள்ளன. ‘வி’ மட்டுமே உள்ளதாக ஏட்டில் பதிந்த துப்பாக்கியின் அடியில் இன்று ‘எஸ்’ காணப்படலாம். ஏட்டை எழுதிய எழுத்தர் அதை அனுப்பியபோது அந்த விபத்து இன்னும் நடந்திருக்கவில்லை.