இரண்டு நண்பர்களும் ஒரு கல்லூரியும்

புனேயில் வாழும் தமிழர்களுக்கு ஃபெர்குசன் கல்லூரிச் சாலையை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 'எஃப்.சி. ரோடு' என்றாலே போதும். மாலையில் காபியும் தோசையும் தேடி அந்தப் பக்கம் போகாத நம்மவர் குறைவு. ராஸ்தா பேட்டையிலும் கிர்க்கியிலும் குடியேறிய தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் அந்தக் கல்லூரியில் படித்தவர்கள்தாம். ஆனால், அதை உண்டாக்கியவர்கள் யார், உண்டாக்கிய ஐந்தே ஆண்டுகளில் அவர்களுக்குள் என்ன நடந்தது என்று கேட்டால் நம்மில் பலருக்குத் தெரியாது. எனக்கும் நெடுங்காலம் தெரியாதுதான்.

அந்தக் கதையைத் தேடிப் படிக்கவைத்தது ஒரு சொந்த அனுபவம். பல ஆண்டுகளுக்கு முன், நான் அங்கம் வகித்த ஒரு சங்கம் (பெயர் வேண்டாம்) இரண்டாகப் பிரிந்தது. அந்த ஆண்டு ஒரே பேட்டையில் இரண்டு பொங்கல் விழா. பிரிந்து போனவரைப் பார்த்து ஏன் என்று கேட்டேன். "கணக்குக் கேட்டதுதான் சார் தப்பாப் போச்சு" என்றார். மறு தரப்பைக் கேட்டால், "கணக்கா சார் விஷயம்? அவருக்கு நம்ம கொள்கையே பிடிக்கலை" என்றார்கள். இரண்டு பேர் சொன்னதும் உண்மை என்பதுதான் எனக்குப் புரியாத புதிராக இருந்தது. பால கங்காதர திலகரும் கோபால் கணேஷ் ஆகர்கரும் பிரிந்த வரலாற்றைப் படித்தபோது அந்தப் புதிர் ஓரளவு விளங்கியது.

குன்றின்மேல் கண்ட கனவு

இருவரும் 1856ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் பிறந்தவர்கள். திலகர் கொங்கணக் கரையைச் சேர்ந்தவர். கொஞ்சம் பூர்வீகச் சொத்து உண்டு. ஆகர்கர் கராட் பக்கம் தேம்பு என்ற சிற்றூரில் பிறந்த பரம ஏழை. கல்லூரியில் படித்த காலத்தில் அவருக்கு ஒரே சட்டைதான் இருந்தது என்றும், இரவில் துவைத்து உலர்த்தி அதையே காலையில் போட்டுக்கொண்டு போவார் என்றும் மராட்டியர் இன்றும் சொல்வார்கள். ஆஸ்துமா வேறு அவரை வாழ்நாள் முழுக்க வாட்டியது. திலகரோ உடம்பைத் தேற்ற வேண்டும் என்று கல்லூரியின் முதலாண்டை உடற்பயிற்சிக்கே ஒப்புக்கொடுத்தவர். பாருங்களேன், எப்படிப்பட்ட ஜோடி!

1870களின் இறுதியில் புனே டெக்கான் கல்லூரியில் இவர்கள் நண்பர்கள் ஆனார்கள். அக்காலத்தில் பட்டம் வாங்கியவனுக்குக் கண்ணை மூடிக்கொண்டு அரசாங்க உத்தியோகம் கிடைக்கும். இந்த இருவரும் அது வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். நாட்டு மக்களுக்கு மலிவாகக் கல்வி கொடுக்க வேண்டும், அதைச் சொந்த நாட்டவரே நடத்த வேண்டும் என்பது அவர்கள் கனவு. பெரிய சம்பளத்தை எதிர்பார்க்காதே என்று ஆகர்கர் தம் தாயாருக்கு எழுதிய கடிதம் மராட்டியில் மிகவும் பெயர் பெற்றது. மகன் எம்.ஏ. படித்து முடித்தால் கஷ்டம் விடியும் என்று காத்திருந்த ஒரு தாய்க்கு அந்தக் கடிதம் எப்படி இருந்திருக்கும் என்று நான் யோசித்ததுண்டு.

1880 ஜனவரியில் விஷ்ணு சாஸ்திரி சிப்லூண்கரும் திலகரும் நியூ இங்கிலீஷ் பள்ளியைத் தொடங்கினார்கள். எம்.ஏ. முடித்துவிட்டு ஆகர்கரும் வந்து சேர்ந்தார். வடமொழி அகராதியால் புகழ்பெற்ற வாமன் சிவராம் ஆப்தேயும் அந்தக் குழுவில் ஒருவர். 1881இல் மராட்டியில் 'கேசரி', ஆங்கிலத்தில் 'மராட்டா' என இரண்டு பத்திரிகைகள் பிறந்தன. கேசரியின் முதல் ஆசிரியர் ஆகர்கர். திலகர் என்றே பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

கோலாப்பூர் திவான் பார்வேயைக் குற்றம் சாட்டிய கடிதங்களை அச்சிட்டதற்காக அவதூறு வழக்கு வந்தது. கடிதங்கள் போலி என்று ஆயின. 1882இல் இருவருக்கும் நான்கு மாதச் சிறைத் தண்டனை; பம்பாய் டோங்கிரிச் சிறையில் 101 நாட்கள் இருந்தார்கள். ஆகர்கர் அதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். அந்த வழக்கில் இவர்களுக்கு ஜாமீன் கொடுக்க ஆள் ஏற்பாடு செய்தவர் ஜோதிராவ் புலே. பிராமண இளைஞர்கள் நடத்திய பள்ளி, பத்திரிகை. ஜாமீனோ பிராமண ஆதிக்கத்தை எதிர்த்து வாழ்நாளெல்லாம் போராடியவர் மூலம்! அந்த 1882இன் புனே இன்னும் பிளவுபடாத ஊர்.

சம்பளமும் சபதமும்

1884 அக்டோபரில் டெக்கான் கல்விச் சங்கம் அமைந்தது. 1885 ஜனவரியில் கல்லூரி தொடங்கியது. பம்பாய் கவர்னர் சர் ஜேம்ஸ் ஃபெர்குசனின் பெயர் வைத்தார்கள். நாட்டுப்பற்றில் பிறந்த கல்லூரிக்கு வெள்ளைக்கார கவர்னர் பெயரா என்று இன்றைக்கு நமக்குச் சிரிப்பு வரும். அன்றைக்கு அரசாங்கத்தின் தயவில்லாமல் செங்கல்கூட நகராது. இப்போது நாம் பார்க்கும் வளாகம் பத்தாண்டு கழித்து வந்தது. சண்டை நடந்ததெல்லாம் ஊருக்குள் இருந்த பழைய வாடா வீடுகளில்தான்.

சங்கத்தின் உயிர்நாடி 'ஆயுள் உறுப்பினர்' என்ற ஏற்பாடு. இருபது ஆண்டு சொற்பச் சம்பளத்தில் உழைப்பேன் என்று உறுதி கூறிச் சேர வேண்டும். அந்தச் சம்பளம் பின்னாளில் மாதம் ரூ. 75 என்று நிலைத்தது. ஏசு சபைப் பாதிரிமார்களின் துறவு வாழ்க்கையைத் திலகர் முன்மாதிரியாக வைத்திருந்தார். உறுப்பினரின் உழைப்பு முழுவதும் சங்கத்துக்கே. வெளியில் சம்பாதிக்கக் கூடாது. சம்பாதித்தால் அதுவும் சங்கத்துக்கே. இதுதான் ஆரம்பத்தில் நாம் எடுத்த சபதம் என்றார் அவர். அப்படி எங்கே எழுதியிருக்கிறது என்று மற்றவர்கள் கேட்டார்கள். எழுதியிருக்கவில்லை. கனவு கண்ட காலத்தில் யார் எழுதி வைக்கிறார்கள்?

1887இல் சம்பளத்தைச் சற்றுக் கூட்ட வேண்டும் என்று பேச்சு எழுந்தது. ஆகர்கருக்குக் குடும்பச் சுமை. திலகர் எதிர்த்தார். அவருடைய வாதத்தில் தவறில்லை, தியாகத்துக்கு விலைவாசிப்படி கிடையாதுதான். ஆனால், பிதுரார்ஜிதம் உள்ளவன் வறுமை விரதம் இருப்பதும், ஒரே சட்டையோடு வளர்ந்தவன் இருப்பதும் ஒன்றா? இந்தக் கேள்வி கூட்டத்தில் வெளிப்படையாகவே கிளம்பிவிட்டது. அது கிளம்பிய பிறகு நட்பு என்ன ஆகும்! அடுத்து, இந்தூர் ஹோல்கர் மகாராஜா புனேக்கு வந்தபோது ஆகர்கருக்கும் ஆப்தேக்கும் நூல் எழுதுவதற்காகக் கொடுத்த தொகை. அது சங்கத்துக்கு வந்த பணம் என்பது திலகர் கட்சி. எங்கள் எழுத்துக்கு வந்தது என்பது அவர்கள் கட்சி. திலகர் கேசரிக்கும் மராட்டாவுக்கும் செலவிட்ட நேரம் மட்டும் வெளிவேலை இல்லையா என்று கேட்க எனக்கே வாய் துடிக்கிறது.

கூட்டக் குறிப்புகளை மட்டும் வைத்துப் பார்த்தால் எல்லாம் பணத் தகராறு என்றுதான் தோன்றும். அப்படி முடிவு கட்டினால் பாதிக் கதை போய்விடும்.

மாணவர் வீட்டில் இருந்த பிரச்சினை

அந்தக் கல்லூரி மாணவர்களை நினைத்துப் பாருங்கள். பெரும்பாலும் பிராமண வீட்டுப் பையன்கள். வகுப்பில் மில்லையும் ஸ்பென்சரையும் படிப்பார்கள். பலருக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆகியிருக்கும். மனைவிக்குப் பத்து வயது, பன்னிரண்டு வயது. வீட்டில் தலை மழித்த ஒரு விதவை அக்காவோ அத்தையோ மூலையில் இருப்பாள். வகுப்பில் படித்ததை வீட்டில் என்ன செய்வது? இந்தக் கேள்விக்கு ஆசிரியர்கள் இரண்டு விதமாகப் பதில் சொன்னார்கள்.

ஆகர்கர் பதில் நேரானது. அறிவுக்குப் பொருந்தாத வழக்கத்தை விட்டுவிடு. நீயே முன்வராவிட்டால் சட்டம் போட்டாவது நிறுத்த வேண்டும். திலகரின் பதில்: நம் வழக்கங்களில் கோளாறு உண்டு, மாற்ற வேண்டியதை நாமே மாற்றுவோம், அந்நிய அரசாங்கத்தைச் சட்டம் போடக் கூப்பிட்டால் நம்மை ஆளும் உரிமையை அவனுக்கு இன்னும் கொஞ்சம் எழுதிக் கொடுத்தது ஆகும். இதைப் பழமைவாதம் என்று மட்டும் ஒதுக்கிவிட முடியாது. அரசியல் முதலா, சமூகம் முதலா என்று இந்தியா பிறகு அறுபது ஆண்டு விவாதித்த விஷயம் அந்த ஆசிரியர் அறையில் மூன்று நான்கு பேருக்குள் நடந்துகொண்டிருந்தது.

பதினொரு வயதில் மணமாகி, பிறகு கணவனோடு வாழ மறுத்த ருக்மாபாயின் வழக்கு (1884–88) வந்தபோது ஆகர்கர் அவர் பக்கம், திலகர் எதிர்ப்பக்கம். ஒரே பத்திரிகைக் குடும்பத்துக்குள் இரண்டு குரல் எத்தனை நாள் நடக்கும்? 1887இல் ஆகர்கர் கேசரியை விட்டார். 1888இல் 'சுதாரக்' என்ற பத்திரிகையைத் தொடங்கினார். அதன் ஆங்கிலப் பகுதியைக் கவனித்துக்கொண்டவர், கல்லூரியின் இளம் ஆசிரியர் கோபால கிருஷ்ண கோகலே. ஆத்திரம் கொண்ட வைதிகர்கள், ஆகர்கர் உயிரோடு இருக்கும்போதே அவருக்குப் பாடை கட்டி, அவர் வீட்டு வாசல் வழியாகவே ஊர்வலம் விட்டார்கள். கல்லூரியில் மறுநாள் போய்ப் பாடம் நடத்த வேண்டிய மனிதர் அவர்.

சீர்திருத்தக்காரர்களின் பக்கத்தையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். விதவை மறுமணத்தை ஆதரித்த நீதிபதி ரானடே, முதல் மனைவி இறந்ததும் தகப்பனாரின் வற்புறுத்தலால் பதினொரு வயதுச் சிறுமியை மணந்தவர். கோகலேயும், முதல் மனைவி நோயாளி என்று குடும்பத்தார் சொன்னதற்கு இணங்கி, அவர் இருக்கும்போதே 1887இல் இரண்டாம் திருமணம் செய்துகொண்டவர். 'முதலில் உங்கள் வீட்டைத் திருத்துங்கள்' என்று எதிர்த்தரப்பு சொல்வதற்கு இவர்களே இடம் கொடுத்தார்கள். 1890இல் ஒரு பொதுக்கூட்டத்தில் திலகர் கையாண்டதும் இதே உத்திதான்: பெண்ணுக்கு 16, ஆணுக்கு 20 வயதுக்கு முன் மணமில்லை என்பது போன்ற விதிகளைச் சட்டம் வேண்டுவோர் முதலில் தங்களுக்கே விதித்துக்கொள்ளட்டும் என்றார். சம்மத வயதைப் பத்திலிருந்து பன்னிரண்டாக்கிய சட்டம் 1891 மார்ச்சில் நிறைவேறியது. அதற்குள் புனேயில் கூட்டங்களில் கல்லும் மண்ணும் பறந்துவிட்டன.

1890இலேயே இன்னொரு வேடிக்கை. அக்டோபரில் பஞ்ச் ஹௌத் மிஷன் பள்ளி விழாவுக்குப் போனவர்களுக்குத் தேநீர் கொடுத்தார்கள். போனவர்களில் ரானடேயும் இருந்தார், திலகரும் இருந்தார். கோபால்ராவ் ஜோஷி என்பவர் பெயர்களையெல்லாம் பத்திரிகையில் போட்டுவிட்டார். (அமெரிக்காவில் டாக்டர் பட்டம் பெற்ற ஆனந்திபாயின் கணவர் இவர், ஊர் வம்பு என்றால் அவருக்கு உயிர்.) சங்கராச்சாரியார் வரை புகார் போயிற்று. கடைசியில் இரண்டு கட்சித் தலைவர்களும் பிராயச்சித்த விவகாரத்தில் மாட்டிக்கொண்டார்கள். ஒரு கோப்பைத் தேநீர் திலகரையும் ரானடேயையும் ஒரே குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியது!

காலியான நாற்காலி

அதே ஆண்டு கோகலே சார்வஜனிக சபாவின் செயலாளர் பதவியை ஏற்றார். ஆயுள் உறுப்பினருக்கு வெளிவேலை கூடாது என்று திலகர் கடைசியாக ஒரு முறை வாதாடினார். பெரும்பான்மை அவர் பக்கம் இல்லை. விலகினார். விலகலுக்குக் காரணம் சொல்லி அவர் எழுதிய கடிதம் ஒரு சிறு நூல் அளவுக்கு நீண்டது. ஒரு வரியில் போகக்கூடிய ராஜினாமாவை இவ்வளவு நீளமாக எழுதுகிறவன் போக மனமில்லாதவன்.

திலகர் நடத்திய கணித வகுப்புகளுக்கு 1891இல் வந்தவர் தோண்டோ கேசவ கார்வே. விதியின் விளையாட்டு என்றால் இதுதான். கார்வே 1893இல் பண்டித ரமாபாயின் சாரதா சதனத்தில் படித்த ஒரு விதவையை மணந்தார். சொந்த ஊரான முருடில் சாதி விலக்கு செய்தார்கள். 1896இல் விதவைகளுக்கு இல்லம், 1916இல் பெண்களுக்குப் பல்கலைக்கழகம், 1958இல் பாரத ரத்னா. சட்டத்தை எதிர்த்து விலகியவரின் இடத்தில், சட்டம் எதுவும் கேட்காமல் தானே செய்து காட்டியவர் வந்து உட்கார்ந்தார்.

ஆகர்கர் 1892இல் கல்லூரி முதல்வர் ஆனார். மூன்றே ஆண்டுகள். 1895 ஜூன் 17 அன்று, முப்பத்தொன்பது வயது நிறையும் முன்பே இறந்தார். தம் ஈமச் செலவுக்கென்று கொஞ்சம் பணத்தைத் தனியாக முடிந்து வைத்திருந்தாராம். கேசரியில் இரங்கல் எழுத உட்கார்ந்த திலகர் அழுதுகொண்டே எழுதினார் என்பார்கள்.

சண்டை மட்டும் சாகவில்லை. 1895இல் திலகர் தரப்பு சார்வஜனிக சபாவைக் கைப்பற்றியது. ரானடேயும் கோகலேயும் மறு ஆண்டே டெக்கான் சபாவை அமைத்தார்கள். 1905 அக்டோபரில் ஃபெர்குசன் மாணவர் விநாயக சாவர்க்கர் அந்நியத் துணிகளை எரித்த கூட்டத்தில் திலகர் பேசினார். கல்லூரி முதல்வர் பராஞ்சபே (கார்வேயின் உறவினர், அவர் ஆதரவில் படித்தவர்) சாவர்க்கருக்குப் பத்து ரூபாய் அபராதம் போட்டு விடுதியை விட்டு வெளியேற்றினார். கேசரி கண்டித்தது. பாவம் அந்த மாணவர்கள். கல்லூரியை உண்டாக்கியவர் ஒரு பக்கம், கல்லூரி ஒரு பக்கம். 1907 டிசம்பரில் சூரத் காங்கிரசில் செருப்பு பறந்தது. பாரதியும் வ.உ.சி.யும் அங்கே திலகர் அணியில் இருந்தார்கள். நம் நூல்கள் அதைக் காங்கிரசின் முதல் பிளவு என்று எழுதுகின்றன. மேடையில் எதிரெதிராக நின்ற திலகரும் கோகலேயும் பதினேழு ஆண்டுகளுக்கு முன் ஒரே ஆசிரியர் அறையில் பிரிந்தவர்கள் என்பதை அவை எழுதுவதில்லை.

இன்னொரு தமிழ்த் தொடர்பும் உண்டு. 1905 ஜூன் 12 அன்று ஃபெர்குசன் கல்லூரிக்குப் பின்னால் உள்ள குன்றில் கோகலே இந்திய ஊழியர் சங்கத்தைத் தொடங்கினார். இம்முறை எதையும் வாய்ச்சொல்லாக விடவில்லை. உறுப்பினர் எடுக்க வேண்டிய ஏழு உறுதிமொழிகளை எழுதி வைத்தார். தனக்கென்று பணம் சம்பாதிப்பதில் சிறிதும் முயற்சி செலவிடமாட்டேன் என்பது அவற்றில் ஒன்று. திலகர் கேட்டு, கோகலே தரப்பு மறுத்த அதே விதி! யாருடனும் சொந்தப் பகையால் சண்டையிடமாட்டேன் என்பது இன்னொன்று. வலங்கைமானில் பிறந்து, திருவல்லிக்கேணியில் தலைமையாசிரியராக இருந்த வி.எஸ். சீனிவாச சாஸ்திரி அந்த வேலையை விட்டுவிட்டு 1907இல் இதில் சேர்ந்தார். 1915 பிப்ரவரியில் கோகலே மறைந்தபோது, சுடுகாட்டில் அவரைப் புகழ்ந்து பேசியவர்களில் திலகரும் ஒருவர். சாஸ்திரி தலைவர் ஆனார். அவர் தலைமையில் வந்த முதல் பெரிய கேள்வி, தென்னாப்பிரிக்காவிலிருந்து திரும்பியிருந்த காந்தியைச் சேர்ப்பதா வேண்டாமா என்பது. உறுப்பினர்கள் இரண்டுபட்டு நின்றார்கள். அவர்களைச் சங்கடத்தில் வைக்க விரும்பாத காந்தி தம் விண்ணப்பத்தைத் தாமே திரும்பப் பெற்றுக்கொண்டார்.